மீன் வயிற்று மோதிரமும் ஹாலிவுட் சாவியும்

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போனால் தமிழ்நாட்டின் கடைசி ஊர்களில் ஒன்று ஆரம்பாக்கம். கிழக்கே பழவேற்காடு ஏரி, வடக்கே எல்லை தாண்டினால் ஆந்திரத்துத் தடா. ஏரிக்கரைக் குப்பங்களில் தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் புழங்கும். இரண்டு மொழிப் படங்களும் இவர்களுக்குச் சொந்தப் படங்கள்தான். மதியத்தில் டிவியில் ‘பாலும் பழமும்’ போட்டுவிட்டால், வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருக்கும் கை தானாக நின்றுவிடும். செத்துவிட்டதாக எல்லாரும் நம்பிய மனைவி, பார்வை இழந்த கணவனுக்கு ‘நர்ஸ் நீலா’வாகப் பணிவிடை செய்ய வந்து நிற்கிறாள். சிவாஜிக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். சரோஜாதேவி வாய் திறக்க மாட்டாரா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

பக்கத்திலேயே நின்றும் ‘நான்தான்’ என்று சொல்ல முடியாத ஆள். இந்த ஒரு சங்கதியின் ஊர்சுற்றலைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். பழைய ஹாலிவுட் காதல் படங்கள் உலகத்தையே அழவைத்ததற்கு இதைவிடக் கூரான ஆயுதம் அவற்றின் கையில் இருந்ததில்லை. ஆனால் இது ஹாலிவுட்டில் பிறந்ததல்ல. இதன் பழைய சாட்சிகளில் ஒருவர் மீனவர்.

மகாபாரதத்துச் சகுந்தலை கதையில் மோதிரம் கிடையாது. துஷ்யந்தன் அவளை நன்றாகத் தெரிந்துகொண்டே தெரியாதென்று சாதிக்கிறான். ராஜாவின் மானத்தைக் காப்பாற்றியவர் காளிதாசர். துர்வாசர் சாபத்தால் மறதி, அடையாள மோதிரத்தைக் கண்டால் நினைவு என்று கதையைத் திருப்பினார். மோதிரம் நீரில் விழ, அதை ஒரு மீன் விழுங்க, மீனை அறுத்த வலைக்காரர் அதை விற்கப்போய் மாட்டிக்கொள்கிறார். காவலர்கள் அவரைத் திருடன் என்று கட்டி இழுத்து வருகிறார்கள். உதையும் கேலியும் நடக்கிறது. ராஜா மோதிரத்தின் விலைக்கு ஈடாகப் பரிசு கொடுத்தனுப்பியதும் அதே காவலர்கள் தோளில் கை போட்டு, வா தோழா என்று கள்ளுக்கடைக்குக் கூட்டிப் போகிறார்கள். அத்தனை பழைய நாடகத்தில் இத்தனை பழகிய போலீஸ்!

1789இல் கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் இந்த நாடகத்தை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். இரண்டே ஆண்டில் கியோர்க் ஃபார்ஸ்டர் அதை ஜெர்மனுக்குக் கொண்டுபோக, கவிஞர் கதே மயங்கிப் போனார். மனைவியை மறந்த கணவன் ஐரோப்பாவில் பேச்சுப்பொருளாக இருந்த அதே காலத்தில்தான் பாரிசில் இன்னொரு சரக்கு தயாராகிக்கொண்டிருந்தது.

1800ஆம் ஆண்டு, பிக்ஸெரேகூர் என்ற நாடக ஆசிரியர் ‘கோலினா’வை மேடையேற்றினார். அதில் நாக்கு அறுபட்ட ஓர் ஊமை வருகிறான். கதாநாயகியின் பக்கத்திலேயே நடமாடும் அவன்தான் அவளைப் பெற்ற தகப்பன் என்பது பிறகுதான் வெளிப்படுகிறது. அவன் பேச வேண்டியதையெல்லாம் வாத்தியங்கள் பேசின. படிக்கத் தெரியாதவர்களுக்காகவே எழுதுகிறேன் என்று பிக்ஸெரேகூர் சொன்னதாகச் சொல்வார்கள். மெலோடிராமா என்ற வகை இந்த நாடகத்தோடுதான் ஊன்றி நின்றது. 1802இல் லண்டன் கவென்ட் கார்டனில் தாமஸ் ஹோல்கிராஃப்ட் இதையே ஆங்கிலமாக்கிப் போட்டார். மூல ஆசிரியர் பெயரைச் சொல்ல மறந்துவிட்டார்! லண்டனில் அப்போது வசன நாடகம் போடும் உரிமை அரச அனுமதி பெற்ற ஓரிரு அரங்குகளுக்கே இருந்தது. மற்ற கொட்டகைகள் பாட்டு, வாத்தியம், ஊமைக்கூத்து என்று பிழைத்தன. அவர்களுக்கு இந்தப் புதுச்சரக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

அந்த நாளில் இங்கிலாந்துச் சாமானியர் கழுத்திலும் தலையிலும் கட்டிக்கொண்ட கட்டம் போட்ட கைக்குட்டைக்கு ‘புலிகாட்’ என்று பெயர். நம் பழவேற்காடுதான். டச்சுக்காரர்கள் இங்கே 1613இல் கோட்டை கட்டி உட்கார்ந்தது முக்கியமாகத் துணிக்காகத்தான். 18ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் கிளாஸ்கோ நெசவாளர்கள் அதையும் நகலெடுத்து, அதே பெயரில் விற்க ஆரம்பித்துவிட்டார்கள். லண்டன் கொட்டகையில் ஊமைத் தகப்பனுக்காக மூக்கைச் சிந்தியவர்களில் சிலர் கையிலாவது இந்த ஏரிக்கரையின் பெயர் இருந்திருக்கும். அழுகை இங்கே வந்து சேர இன்னும் நூறாண்டுக்கு மேல் ஆனது.

அடுத்து வருகிறவர் திருமதி ஹென்றி வுட். முதுகெலும்பு வளைந்து, சாய்ந்த நிலையிலேயே எழுதிக் குவித்த ஆங்கிலப் பெண்மணி. 1861இல் வந்த அவரது ‘ஈஸ்ட் லின்’ நாவலில், கணவனையும் குழந்தைகளையும் விட்டு ஓடிய ஒருத்தி, செத்துவிட்டதாக எல்லாரும் நம்பிய பிறகு, உருமாறி, அதே வீட்டுக்குத் தன் குழந்தைகளுக்கே ஆசிரியையாக வந்து சேர்கிறாள். மகன் கண்முன்னே சாகும்போதும் தாயென்று சொல்ல முடியவில்லை. நாடகக்காரர்கள் பாய்ந்து எடுத்துக்கொண்டார்கள். எழுதியவருக்கு ஒரு காசு போகவில்லை. ஜனங்கள் மனப்பாடமாகச் சொன்ன புகழ்பெற்ற அழுகை வசனம்கூட நாவலில் இல்லாதது, மேடைக்காரர்கள் சேர்த்தது. அமெரிக்காவில் சுற்றிய கம்பெனிகளுக்குக் கல்லாப்பெட்டி காலியானால் ‘ஈஸ்ட் லின்’தான் கைமருந்து. ஹாலிவுட் 1916, 1925, 1931 என்று திரும்பத் திரும்ப அதைப் படமெடுத்தது.

அதே அம்மையார் சென்னைக்கு வந்தது பக்கவாட்டுக் கதவு வழியாக. அவரது முதல் நாவல் ‘டேன்ஸ்பரி ஹவுஸ்’, மதுவிலக்குச் சங்கம் ஒன்று நடத்திய போட்டியில் பரிசு வாங்கியது. 1936இல் ‘சதி லீலாவதி’ என்ற தமிழ்ப்படம் தயாரானபோது, எங்கள் கதையைத் திருடிவிட்டார்கள் என்று ‘பதிபக்தி’ படக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். ‘சதி லீலாவதி’யின் கதாசிரியர் எஸ்.எஸ். வாசன். அவர், இரண்டுக்குமே மூலம் ‘டேன்ஸ்பரி ஹவுஸ்’தான் என்று உடைத்துச் சொன்னதும் வழக்கு தீர்ந்தது. யாரிடமிருந்து யார் எடுத்தது என்று சண்டை போட இருவருக்குமே பாத்தியதை இல்லை! எம்.ஜி.ஆர் முதன்முதலில் திரையில் தோன்றியதும் இந்தப் படத்தில்தான்.

இதை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக்காரர். தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் உடன்படித்த மாணிக்லால் டாண்டன் கூப்பிட, 1935இல் இந்தியா வந்தார். தமிழ் தெரியாது. ஆனால் காதலர் முகத்துக்கு எங்கே வெளிச்சம் விழ வேண்டும், கேமரா எவ்வளவு நெருங்க வேண்டும் என்பது தெரியும். தமிழ்ப்பட முகங்களுக்கு அதுதான் அப்போது தேவைப்பட்டது. 1937இல் ‘அம்பிகாபதி’ எடுக்கும்போது, வசனம் எழுதிய இளங்கோவனிடம் ‘ரோமியோ ஜூலியட்’டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நாயகன் பாகவதர் காதல் பேசிய அழகில் பாதி ஷேக்ஸ்பியர் வீட்டுப் பால்கனியிலிருந்து இறங்கியது. 1940இல் இதே டங்கன் எம்.எஸ். சுப்புலட்சுமியையும் ஜி.என். பாலசுப்பிரமணியத்தையும் வைத்து ‘சகுந்தலை’ எடுத்தார். 1789இல் கப்பலேறிப் போன மோதிரத்தை 150 ஆண்டு கழித்து அமெரிக்கர் ஒருவர் திருப்பிக் கொண்டுவந்து மீன் வயிற்றில் வைத்தார் என்று சொன்னால் மிகையில்லை.

அதற்குள் ஐரோப்பாவில் மறதி நிஜமாகவே ஊருக்குள் புகுந்திருந்தது. முதல் உலகப் போரின் கடைசி ஆண்டான 1918இல், தன் பெயரே தெரியாத ஒரு சிப்பாய் பிரான்சின் லியோன் நகரில் அகப்பட்டார். படம் பத்திரிகையில் வந்ததும், இவர் என் மகன், என் கணவன் என்று ஏராளமான குடும்பங்கள் வந்து நின்றன. அவரோ யாரையும் அடையாளம் சொல்லவில்லை. வழக்கு பல ஆண்டு இழுத்தது. பைத்திய விடுதியிலேயே 1942இல் இறந்துபோனார்.

அந்த 1942 டிசம்பரில்தான் ஹாலிவுட்டின் எம்.ஜி.எம் நிறுவனம் ‘ராண்டம் ஹார்வெஸ்ட்’ படத்தை வெளியிட்டது. ஜேம்ஸ் ஹில்டனின் நாவல், மெர்வின் லெராய் இயக்கம், ரோனால்ட் கோல்மனும் கிரீர் கார்சனும் ஜோடி. போரில் நினைவிழந்த சிப்பாய் ஒரு நாட்டியக்காரியை மணந்து சின்ன வீட்டில் குடித்தனம் செய்கிறான். வேலை விஷயமாக லிவர்பூல் போன இடத்தில் டாக்ஸி மோத, பழைய நினைவு திரும்புகிறது. இடையில் வாழ்ந்த வாழ்க்கை அழிகிறது. பணக்காரத் தொழிலதிபராகிவிட்ட அவனிடம் மனைவியே வேறு பெயரில் செயலாளராக வந்து சேர்கிறாள். அவன் சட்டைப்பையில் ஒரு சாவி. எந்தப் பூட்டின் சாவி என்று அவனுக்குப் புரிவதில்லை. கடைசியில் அந்தச் சின்ன வீட்டுக் கதவில் போட்டுத் திருப்புகிறான். மோதிரம் சாவியாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று நடந்தது. நாவலில் அந்தச் செயலாளர் யாரென்பது கடைசிப் பக்கம்வரை வாசகனுக்கும் தெரியாது. சினிமாவில் அந்தத் தந்திரம் பலிக்காது. கிரீர் கார்சன் முகத்தை எப்படி மறைப்பது? வேறு வழியில்லாமல் ரகசியத்தை முன்னதாகவே ரசிகனிடம் உடைத்தார்கள். அதுதான் பெரிய லாபமாகிவிட்டது. புத்தகத்தில் கடைசியில் ஒரு திடுக்கிடல் மட்டும். படத்தில் நெடுநேரத் தவிப்பு. எனக்கு இந்த வகைப் படங்களின் முழு ரகசியமும் இதில்தான் இருப்பதாகப் படுகிறது. ரசிகனை முட்டாளாக்காமல், திரையில் இருப்பவனைவிட விவரம் தெரிந்தவனாக உட்கார வைத்தார்கள்.

கோடம்பாக்கத்துக்கு இது வரப்பிரசாதம். கணவன் இன்னொருத்தியைப் பார்க்கிறான், ஆனால் துரோகி இல்லை, மறதி. மனைவி அன்னியன்போல் நிற்பவனுக்குச் சேவகம் செய்கிறாள், ஆனால் கற்புக்குப் பங்கமில்லை. அவன் அவள் கணவன்தானே. துர்வாசர் சாபம் செய்த வேலையை ஹாலிவுட்டில் டாக்ஸி செய்தது, இங்கே தலையில் விழுந்த அடி செய்தது. ‘இன்னொரு பெரிய அதிர்ச்சி ஏற்பட்டால் நினைவு திரும்பலாம்’ என்று கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே சொல்லும் டாக்டர் மட்டும் நம் கண்டுபிடிப்போ என்னவோ! ஸ்ரீதர் கதை எழுத, சிவாஜி, சாவித்திரி, பத்மினி நடித்த ‘அமரதீபம்’ 1956இல் வந்தது. அடுத்த ஆண்டு வங்காளத்தில் உத்தம் குமாரும் சுசித்ரா சென்னும் ‘ஹாரானோ சுர்’ தந்தார்கள். அதில் நாயகி, மறந்துபோன கணவன் வீட்டுக்கே குழந்தைக்குப் பாடம் சொல்லித்தரப் போகிறாள். ‘ஈஸ்ட் லின்’ ஆசிரியை வேலை காலியாகவே இருந்தது போலும். ‘அமரதீபம்’ 1958இல் தேவ் ஆனந்தோடு ‘அமர் தீப்’ ஆனது. பீம்சிங்கின் ‘பாலும் பழமும்’ 1961. அது 1968இல் ஸ்ரீதர் கையால் ‘சாத்தி’ என்று இந்திக்குப் போயிற்று.

குப்பங்களுக்கு இதெல்லாம் வந்த பாதையைப் போட்டவர் ஒரு ரயில்வே குமாஸ்தா. 1905இல் திருச்சியில், உடம்பு முடியாமல் ஊர் திரும்ப நினைத்த டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் பிலிம் சுருள்களையும் விலைக்கு வாங்கிய சாமிக்கண்ணு வின்சென்ட், வேலையை விட்டுவிட்டு கூடாரத்தோடு ஊர் ஊராகப் போனார். அவர் வழி வந்தவைதான் அந்நாளைய டூரிங் டாக்கீஸ்கள். மணல் தரை, முன்னால் உட்காருகிறவன் தலை மறைத்தால் மணலைக் குவித்து ஆசனம் போட்டுக்கொள்ளலாம். ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே ஒரு தடுப்பு. ஒரே புரொஜக்டர்; ரீல் மாற்றும்போதெல்லாம் முறுக்கும் சோடாவும். கதாநாயகி உண்மையைச் சொல்ல வாயெடுக்கும் நேரம் பார்த்து விளக்கு எரியும். பழவேற்காடு ஏரியில் இன்ன நாள் இன்னார் வலை போடலாம் என்று ‘பாடு’ முறை உண்டு. தன் பாடு இல்லாத நாளில் சினிமாவுக்குப் போவதை யார் தடுப்பது? கடலுக்கும் ஏரிக்கும் போனவர் திரும்பி வரும்வரை கரையில் நின்று பார்த்துப் பழகிய பெண்களுக்கு, வந்தவனுக்கு நம்மைத் தெரியவில்லை என்ற கதை உறைத்ததில் ஆச்சரியமில்லை.

1946இல் ஒலிவியா டி ஹாவிலாண்டுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த ‘டூ ஈச் ஹிஸ் ஓன்’ இன்னொரு வழியாக வந்தது. மணமாகாமல் பிள்ளை பெற்றவள், வேறு வீட்டில் வளரும் மகனிடம் தாயென்று சொல்ல முடியாமல் தவிக்கும் கதை. 1969இல் பம்பாயில் சக்தி சாமந்தா ‘ஆராதனா’ ஆக்கியபோது அவளை மகன் வளரும் வீட்டிலேயே ஆயாவாக நிறுத்தினார். 1974இல் அது தமிழில் ‘சிவகாமியின் செல்வன்’, தெலுங்கில் ‘கன்னவாரி கலலு’. இரண்டிலும் வாணிஸ்ரீ. பக்கத்து நெல்லூர்ப் பெண். ஆரம்பாக்கத்துக்காரர் இந்தப் பக்கம் தமிழிலும் அந்தப் பக்கம் தெலுங்கிலும் அதே முகத்துக்காக அழ வாய்த்த வருஷம் அது.

இந்த நீண்ட சங்கிலியில் என் ஓட்டு ‘மூன்றாம் பிறை’க்கு. மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திரா 1982இல் எடுத்தது. நினைவிழந்த பெண்ணைக் குழந்தைபோலப் பார்த்துக்கொண்டவன், அவள் குணமானதும் ஊட்டி பக்கத்துக் கேத்தி ரயில் நிலையத்தில் குரங்குச் சேட்டை செய்து காட்டுகிறான். அவளுக்கு அவன் யாரோ பைத்தியம். ரயில் போய்விடுகிறது. மற்ற எல்லாரும் கடைசி ரீலில் மோதிரத்தையோ சாவியையோ சாவையோ கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். இவர் எதையும் கொடுக்கவில்லை. தமிழில் வெள்ளிவிழா கொண்டாடிய அந்தப் படத்தை மறு ஆண்டே ‘சத்மா’ என்று இந்தியில் எடுத்தார். அங்கே அப்போது ஓடவில்லை.