கதை சொன்ன பணிப்பெண்

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், வசதியான வீடுகளின் அன்றாடம் ஹவுஸ்கீப்பர் எனப்பட்ட தலைமைப் பணிப்பெண்ணின் கையில் இருந்தது. சரக்கறைச் சாவி, துணிமணிக் கணக்கு, மற்றப் பணிப்பெண்களின் மேற்பார்வை எல்லாம் அவள் பொறுப்பு. மணமாகாதவளையும் 'மிசஸ்' என்று மரியாதையாக அழைப்பது வழக்கம். ஆண் பணியாளர்களுக்கு ஊதியம் அதிகம். அவர்களை அமர்த்துவோர் 1777 முதல் வரியும் கட்ட வேண்டியிருந்தது. பணிப்பெண்கள் மீது 1785இல் விதித்த வரியோ 1792இல் நீக்கப்பட்டது. நடுத்தர வசதியுள்ள வீடுகளின் வேலை பெரும்பாலும் பெண்கள் மேல் விழுந்தது. யார்க்‌ஷயர் போன்ற வடபகுதிகளில், ஒரே பெண் செவிலியாகவும் சமையல்காரியாகவும் வீட்டுப் பெண்ணுக்குத் துணையாகவும் இருந்ததுண்டு.

இந்தத் தொழிலை நாவலாசிரியர் எமிலி பிராண்டி தம் வீட்டிலிருந்தே அறிந்திருந்தார். ஹாவர்த் ஊரில் பாதிரியாராக இருந்த அவர் தந்தையின் இல்லத்தில், டபிதா அய்க்ராய்ட் 1824இல் வேலைக்குச் சேர்ந்தார். இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, 1855இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அவ்வட்டாரத்துப் பழங்கதைகளைக் குழந்தைகளுக்குச் சொன்னவர் அவரே.

1847 டிசம்பரில் எல்லிஸ் பெல் என்ற புனைபெயரில் எமிலி வெளியிட்ட 'வதரிங் ஹைட்ஸ்' நாவலில், கதையின் பெரும்பகுதியைச் சொல்பவள் நெல்லி டீன் என்ற ஹவுஸ்கீப்பர். 1801இல் வாடகைக்குக் குடிவந்த லாக்வுட் என்பவர் நோயுற்றுக் கிடக்கையில், இரண்டு குடும்பங்களின் முப்பதாண்டு வரலாற்றை அவள் அவரிடம் விவரிக்கிறாள். அவள் தாய் அவற்றுள் ஒரு குடும்பத்தின் மகன் ஹிண்ட்லிக்குச் செவிலி. நெல்லி அவனோடு விளையாடி வளர்ந்தவள். பின்னர் அவன் மகன் ஹேர்ட்டனை அவளே வளர்த்தாள். ஹிண்ட்லியின் தங்கை கேத்தரின் மணமாகிப் போனபோது, மனமில்லாமலே குழந்தையைப் பிரிந்து அவளுடன் சென்றாள்.

கேத்தரின் தன்னை மணப்பது இழிவென்று சொன்னதைக் கேட்டு, அவ்வீட்டில் அவளோடு வளர்ந்த ஹீத்கிளிஃப் வெளியேறியதை நெல்லி கவனித்தும் உடனே சொல்லவில்லை. கேத்தரின் உண்ணாமல் கிடந்ததன் தீவிரத்தை அவள் கணவன் எட்கரிடம் நெல்லி மறைத்தாள். ஆயினும் ஹீத்கிளிஃபின் கடிதத்தைக் கேத்தரினிடம் சேர்த்தவளும் அவளே. கேத்தரின் இறந்தபின் ஹீத்கிளிஃப் அவள் உடலைக் காணச் சன்னலைத் திறந்துவைத்தாள். கேத்தரினின் பதக்கத்திலிருந்த எட்கரின் முடியை எறிந்துவிட்டு ஹீத்கிளிஃப் வைத்துப்போன அவனது முடியோடு, எட்கரின் முடியையும் முறுக்கி உள்ளே வைத்தாள். அடுத்த தலைமுறையின் காதல் கடிதங்களை எரித்தாள்.

இவற்றைக் கொண்டே ஜேம்ஸ் ஹாஃப்லி என்ற திறனாய்வாளர், நாவலின் வில்லி நெல்லிதான் என்று 1958இல் எழுதினார். அது மிகையான தீர்ப்பு. கடிதம், கதவு, நோய்ப்படுக்கை எல்லாம் ஹவுஸ்கீப்பரின் கையில் இருந்த காலம் அது. பேசினாலும் மௌனம் காத்தாலும் அவள் பிறர் வாழ்வில் தலையிட்டவளாகவே ஆனாள். எல்லாம் தெரிந்த ஒருத்தி நடுநிலைச் சாட்சியாக இருக்க அந்தத் தொழில் இடம் தரவில்லை. நெல்லியின் கதை நம்பத்தக்கதாகவும் ஐயத்துக்குரியதாகவும் ஒருசேர இருப்பதற்குக் காரணம் இதுவே.