வடிகட்டாத சீஸ் பாஸ்தா: அது நம் அடுப்புக்கு வந்த வழி

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை, எங்கள் பிளாக்கில் பராமரிப்புக்காகக் குழாய் எரிவாயுவை நிறுத்தியிருந்தார்கள். வாட்ஸ்அப் குழுவில் காலையிலேயே அறிவிப்பு வந்திருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை. ஏழரை மணிக்குப் பேத்தி டியூஷன் முடிந்து பசியோடு வந்து நிற்கிறாள். கையில் இருப்பது ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு, அதில் வைக்கத் தோதான ஒரே ஒரு அடிகனமான பாத்திரம்.

"நான் பார்த்துக்கறேன் தாத்தா" என்று அவளே களத்தில் இறங்கினாள். மக்ரோனி, தண்ணீர், பால், உப்பு எல்லாம் ஒன்றாகவே உள்ளே போயின. பதினைந்து நிமிடத்தில் சீஸைத் துருவிப் போட்டுக் கிளறி இறக்கிவிட்டாள். வடிதட்டு கிடையாது, இரண்டாவது பாத்திரம் கிடையாது. வீட்டம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "என்னடி இது, சேமியா கிச்சடிக்குச் சித்தப்பா பிள்ளையா?" என்றாள். பேத்தியோ, "இது அமெரிக்காக்காரங்க கண்டுபிடிச்சது பாட்டி" என்றாள்.

ஓய்வுபெற்ற மனிதனுக்கு இப்படி ஒரு வாக்கியம் காதில் விழுந்தால் போதாதா? மறுநாளே தேட உட்கார்ந்தேன். இந்தக் காலாண்டு இதழுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று செயலாளரும் கேட்டிருந்தார். இரண்டும் ஒன்றாகிவிட்டன.

முதலில் பேத்தியின் கூற்றைத் திருத்தவேண்டும். அமெரிக்கா என்றொரு நாடு உருவாகும் முன்பே சீஸும் மாவும் சேர்ந்துவிட்டன. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நேப்பிள்ஸ் அரசவையைச் சார்ந்து லத்தீனில் எழுதப்பட்ட 'லிபர் டி கோக்கினா' என்ற சமையல் நூலில், மெல்லிய மாவுத் தகடுகளை வேகவைத்து, துருவிய சீஸும் மசாலாப் பொடியும் தூவி அடுக்கும் குறிப்பு இருக்கிறது. 1390 வாக்கில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் சமையல்காரர்கள் தொகுத்த நூலிலும் 'மேக்கரூன்ஸ்' என்ற பெயரில் ஏறத்தாழ அதுவேதான்: மாவுத் துண்டுகள், கீழேயும் மேலேயும் சீஸ், வெண்ணெய். அப்போதெல்லாம் இது ராஜா வீட்டுப் பண்டம். சாயங்காலம் அவசரமாகச் செய்து போடும் சாப்பாடாக யாரும் கனவுகூடக் கண்டிருக்கமாட்டார்கள்.

1769இல் எலிசபெத் ராஃபால்ட் என்ற ஆங்கிலப் பெண்மணி ஒரு சமையல் புத்தகம் வெளியிட்டார். பெரிய மாளிகை ஒன்றில் வீட்டு நிர்வாகியாக இருந்து, பிறகு மான்செஸ்டரில் கடை நடத்தியவர். வேகவைத்து வடித்த மக்ரோனியில் க்ரீமும் மாவில் புரட்டிய வெண்ணெயும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, மேலே பர்மேசான் சீஸ் போடச் சொல்கிறார். நாம் இன்று 'வெள்ளை சாஸ்' என்று செய்வதற்குக் கிட்டத்தட்ட அதுதான் அடிப்படை. சீக்கிரம் ஆறிவிடும், அதனால் அடியில் வெந்நீர் வைத்த தட்டில் பரிமாறுங்கள் என்று ஒரு குறிப்பும் கொடுத்திருக்கிறார். சமைத்துப் பார்க்காதவர் இதை எழுதியிருக்க முடியாது.

அமெரிக்காவில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் தாமஸ் ஜெஃபர்சனில் தொடங்குவார்கள். சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர், மூன்றாவது குடியரசுத் தலைவர். அவர்தான் மக்ரோனியை நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பது பரவலான பேச்சு. பாரிஸில் தூதராக இருந்தபோது அவருக்கு மக்ரோனிப் பைத்தியம் பிடித்தது உண்மை. மக்ரோனி பிழியும் எந்திரத்தின் படத்தை வரைந்து செய்முறையும் எழுதிவைத்தார். நேப்பிள்ஸிலிருந்து அச்சு ஒன்று வாங்கிவரவும் ஆள் சொன்னார். ஆனால் படம் வரைந்தவர் அடுப்படியில் நின்றாரா? அங்கே நின்றது ஜேம்ஸ் ஹெமிங்ஸ். இவரைப் பற்றிப் படித்த பிறகு எனக்கு இரண்டு நாள் மனம் சரியில்லை.

ஹெமிங்ஸ் ஜெஃபர்சனின் அடிமை. சட்டப்படி அவருடைய சொத்து. ஆனால் ஜெஃபர்சனின் மறைந்த மனைவிக்கு இவர் தம்பி முறை: ஒரே தகப்பன், வேறு தாய். 1784இல் ஜெஃபர்சன் பாரிஸுக்குப் புறப்பட்டபோது, பிரெஞ்சுச் சமையல் கற்றுவர வேண்டும் என்ற நோக்கத்தோடே இவரையும் அழைத்துப் போனார். அப்போது ஹெமிங்ஸுக்கு வயது 19. பாரிஸின் தேர்ந்த சமையல்காரர்களிடம் பழகி, ஷாம்ஸ் எலிசே சாலையில் இருந்த தூதர் மாளிகையின் தலைமைச் சமையல்காரர் ஆனார். சம்பளமும் கிடைத்தது. அந்தப் பணத்தில் ஆசிரியர் வைத்து பிரெஞ்சு இலக்கணம் படித்தார்.

இங்கே ஒரு விஷயம். பிரான்ஸ் மண்ணில் இருக்கும் அடிமை, நீதிமன்றத்தில் மனுப் போட்டு விடுதலை பெற அப்போது வழி இருந்தது. ஹெமிங்ஸ் அதைச் செய்யாமல் 1789இல் ஜெஃபர்சனோடு திரும்பினார். தாயும் உடன்பிறந்தவர்களும் வர்ஜீனியாவில் அடிமைகளாக இருந்தார்கள் என்பதை நினைத்தால், அந்த முடிவை வெளியிலிருந்து எடைபோட எனக்கு மனம் வரவில்லை.

1793இல் ஜெஃபர்சன் அவருக்கு ஓர் உறுதிமொழி எழுதிக் கொடுத்தார். உனக்குப் பதிலாக இன்னொருவரை நல்ல சமையல்காரராகப் பழக்கிக் கொடு, பிறகு விடுதலை. அந்த இன்னொருவர் யார்? ஹெமிங்ஸின் சொந்தத் தம்பி பீட்டர். தன் விலங்கு கழல வேண்டுமென்றால் தம்பியை அந்த அடுப்பின் முன் நிறுத்த வேண்டும். 1796 பிப்ரவரியில் விடுதலை கிடைத்தது. அந்த மாதமே சமையலறைச் சாமான்களின் பட்டியல் ஒன்றைத் தன் கைப்பட எழுதி ஒப்படைத்தார். செம்புப் பாத்திரங்கள், வாணலிகள், கரண்டிகள் என்று நீளும் அந்தத் தாள் இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது.

1801இல் ஜெஃபர்சன் குடியரசுத் தலைவர் ஆனதும் மாளிகைச் சமையலுக்கு ஹெமிங்ஸைக் கூப்பிட்டார், நேரடியாக அல்ல, பால்டிமோரில் இருந்த ஒருவர் மூலமாக. ஹெமிங்ஸ் கேட்டது இவ்வளவுதான்: சம்பளம், நிபந்தனை எல்லாம் அவர் கையாலேயே நாலு வரி எழுதி அனுப்பட்டும். அந்த நாலு வரி வரவே இல்லை. வேலைக்கு ஒரு பிரெஞ்சுக்காரர் அமர்த்தப்பட்டார். அதே ஆண்டு இலையுதிர் காலத்தில், தன் 36ஆவது வயதில், பால்டிமோரில் ஹெமிங்ஸ் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

நாலு மாதம் போகவில்லை, 1802 பிப்ரவரியில் ஜெஃபர்சனின் விருந்துக்குப் போன மனாசே கட்லர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர், 'மக்ரோனி' என்றொரு பண்டம் பரிமாறப்பட்டதை நாட்குறிப்பில் எழுதிவைத்தார். உள்ளே இருந்தது வெங்காயம் என்று நினைத்தாராம். பக்கத்தில் இருந்தவர் இது மாவில் செய்தது என்று விளக்க வேண்டியிருந்தது. கட்லருக்கு அது பிடிக்கவும் இல்லை. விருந்தில் அது இருந்ததை வைத்துத்தான் ஜெஃபர்சன் பெயர் நிலைத்தது. 1824இல் அவருடைய மகளின் நாத்தனார் மேரி ராண்டால்ஃப் எழுதிய வர்ஜீனியச் சமையல் நூலில் மக்ரோனி, சீஸ், வெண்ணெய் என்று அடுக்கிச் சுடும் முறை அச்சேறியது.

அவசரச் சாப்பாடாக இது மாறியதற்குச் சீஸைத்தான் கேட்க வேண்டும். நல்ல சீஸைச் சூடாக்கினால் எண்ணெய் தனியே பிரியும், மிச்சம் ரப்பர்போலத் திரளும். 1911இல் சுவிட்சர்லாந்தில் கெர்பர், ஷ்டெட்லர் என்ற இருவர் சிட்ரேட் உப்பைச் சேர்த்து உருக்கி இதற்குத் தீர்வு கண்டார்கள். சீஸின் புரதத்தைக் கட்டிப்போட்டிருக்கும் கால்சியத்தை அந்த உப்பு பிடித்துக்கொள்ள, புரதம் இளகிக் கொழுப்பைத் தன்னோடு வைத்துக்கொள்ளும். கனடாவில் பிறந்து, சிகாகோவில் வாடகைக் குதிரை வண்டியில் சீஸ் விற்றுத் தொடங்கிய ஜேம்ஸ் எல். கிராஃப்ட், 1916இல் அமெரிக்காவில் பதப்படுத்திய சீஸுக்குக் காப்புரிமை பெற்றார். நம் ஃபிரிட்ஜில் கிடக்கும் க்யூபும் ஸ்லைஸும் இந்த வம்சம்தான்.

அடுத்த படி ஒரு ரப்பர் பேண்டில் நடந்தது. பொருளாதார மந்தம் இன்னும் தீராத 1930களில், செயின்ட் லூயிஸ் நகரத்து விற்பனையாளர் ஒருவர் கிராஃப்ட் சீஸ்தூள் பொட்டலங்களை பாஸ்தா டப்பாக்களோடு ரப்பர் பேண்ட் போட்டுச் சேர்த்து விற்றார். நிறுவனம் அதைப் பார்த்து 1937இல் 'கிராஃப்ட் டின்னர்' என்று ஒரே டப்பாவாக வெளியிட்டது. விலை 19 சென்ட், நான்கு பேர் சாப்பிடலாம். இரண்டாம் உலகப் போர் வந்தது. இறைச்சியும் வெண்ணெயும் ரேஷனில். ஒரு ரேஷன் புள்ளிக்கு இந்த டப்பா இரண்டு கிடைத்தது. ஆண்கள் போருக்கும் பெண்கள் தொழிற்சாலைக்கும் போன வீடுகளில், ஷிஃப்ட் முடிந்து வரும் அம்மாவுக்கு இது பெரிய உதவி. அதை 'சோம்பேறிச் சமையல்' என்று நக்கல் செய்பவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள். இன்று நம் லிஃப்டிலும் கேட்கிறேன். இரவு எட்டு மணிக்கு ஐ.டி. நிறுவனத்திலிருந்து வந்து அடுப்பைப் பற்றவைத்தவர்கள் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனால் அந்த டப்பாவிலும் நீரை வடிக்கத்தான் வேண்டும். வடிக்காமல் ஒரே பாத்திரத்தில் செய்யும் வழக்கம் ஆல்ப்ஸ் மலை இடையர்களிடம் உண்டு. 'எல்ப்ளர்மக்ரோனன்' என்பார்கள். கோடையில் மாடுகளோடு மலைமேல் தங்கும் அவர்களிடம் சீஸும் க்ரீமும் ஏராளம், பாத்திரம் குறைவு. காய்ந்த மக்ரோனி தூக்கிப்போக இலகு. உருளைக்கிழங்கோடு சேர்த்து வேகவைத்து, மேலே வறுத்த வெங்காயம் தூவி, தொட்டுக்கொள்ள ஆப்பிள் மசியல். இதைக் கேட்டதும் வீட்டம்மாவுக்கு இந்தப் பண்டத்தின் மேல் மரியாதை வந்துவிட்டது. வெண்பொங்கலுக்கு யாராவது தண்ணீரை வடிப்பார்களா என்று அவளுடைய கேள்வி. நியாயம்தான். வேகும்போது மாவிலிருந்து இறங்கும் கஞ்சி நீரிலேயே இருப்பதால்தான் குழம்பு தானாகக் கெட்டிப்படுகிறது, சீஸும் திரளாமல் கலக்கிறது.

பேத்தியின் கணக்கு, கேட்பவர்களுக்காக: இருவருக்கு 200 கிராம் மக்ரோனி, இரண்டு கப் தண்ணீர், ஒரு கப் பால், அரைத் தேக்கரண்டி உப்பு. கொதித்ததும் தீயைக் குறைத்து, அடிக்கடி கிளறிக்கொண்டே பத்துப் பன்னிரண்டு நிமிடம். பால் பொங்கும், பக்கத்திலேயே நிற்கவும். கொஞ்சம் நீர்க்க இருக்கும்போதே அடுப்பை அணைத்து, ஒரு நிமிடம் விட்டு, 80 கிராம் சீஸைத் துருவி இரண்டு மூன்று தடவையாகச் சேர்க்கவும். அடுப்பு எரியும்போது போட்டால் திரியும். க்யூப் சீஸ் நன்றாக இளகும், மொசரெல்லா மட்டும் போட்டால் நூல்நூலாக இழுக்கும். மிளகுத்தூள் நிறைய. மீந்ததை மறுநாள் சூடாக்கும்போது இரண்டு கரண்டி பால் விடவும், இல்லாவிட்டால் களிபோல இருக்கும். ராஃபால்ட் அம்மையார் சொன்னதுபோல சீக்கிரம் ஆறிவிடுகிறது, எல்லோரையும் உட்காரவைத்துவிட்டு இறக்குங்கள்.