ரோடு என்று முடியும் நிலையங்கள்

தென்னிந்திய ரயில் நிலையப் பெயர்களில் ‘ரோடு’ என்று முடிவனவற்றுக்குத் தனியாக ஒரு பொருள் உண்டு. ஊர் இங்கே இல்லை, இங்கிருந்து கிளம்பும் சாலையின் மறுகோடியில் இருக்கிறது என்பதே அது. கொடைக்கானல் ரோட்டில் இறங்கியவர் கொடைக்கானலைப் பார்க்க இன்னும் 80 கி.மீ. போக வேண்டும். ஆரணி ரோடு அவ்வளவு மோசமில்லை. களம்பூர்ப் பக்கம் இருக்கும் அந்த நிலையத்திலிருந்து ஆரணி பத்துப் பன்னிரண்டு கி.மீ. தூரம்தான். விழுப்புரம்–காட்பாடி மீட்டர் கேஜ் பாதை 1891இல் வந்தபோது ஆரணியைத் தொடாமல் ஒதுங்கிப் போயிற்று. பட்டுத்தறிக்குப் பேர்போன ஆரணிக்கும் அதையொட்டிய முள்ளிப்பட்டுக்கும் ரயில் என்பது இன்றும் வெளியூர் போய் ஏறவேண்டிய ஒன்றுதான். ரயில் நிற்கும் இடத்துக்கும் ஊருக்கும் நடுவே கிடக்கும் இப்படிப்பட்ட இடைவெளியைக் குறைந்த செலவில் நிரப்பத்தான் நேரோ கேஜ் பாதைகள் பிறந்தன. ஆரணிக்கு அப்படி ஒன்று வரவில்லை. மேற்கே திருப்பத்தூரிலும் மொரப்பூரிலும் வந்தன, வந்து ஒரு தலைமுறைக் காலத்துக்குள் மறைந்தும் போயின. அகலம் போதாத பாதை, அதனால் அழிந்தது என்று அவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அந்தத் தீர்ப்பு தவறு என்பது இந்தக் கட்டுரையின் வாதம். குற்றம் பாதையின் அகலத்தில் இல்லை, அதன் இரண்டு முனைகளில் இருந்தது. இதற்கு நல்ல சாட்சி சொல்லக்கூடியது, விசித்திரமாகத் தோன்றினாலும், வீட்டுக்குள் ஒரு பலகையின் மேல் அமைக்கப்படும் மாதிரி ரயில் பாதை.

முதலில் வரலாறு. 1876–78இன் தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் நிலைகுலைந்தது. சேலம் மாவட்டம் மிக மோசமாக அடிபட்ட பகுதிகளில் ஒன்று. ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையிலான பஞ்சக் கமிஷன் 1880இல் தந்த அறிக்கை, தானியம் இருக்கும் இடத்திலிருந்து இல்லாத இடத்துக்கு விரைவாகப் போய்ச்சேர ரயில் பாதைகள் வேண்டும் என்றது. இலாபம் வராவிட்டாலும் பஞ்ச காலத்தில் உயிர் காக்கும் என்பதால் இவற்றுக்குப் ‘பாதுகாப்புப் பாதைகள்’ என்று பெயர். இலாபம் வராத பாதைக்கு யார் செலவழிப்பார்கள்? 1,676 மில்லிமீட்டர் பிராட் கேஜ் போட்டால் பாலம், மண்மேடு, தண்டவாளம், நிலம் எல்லாமே பெருஞ்செலவு. எவரார்ட் கால்த்ராப் என்ற பொறியாளர் மராட்டியப் பகுதியில் 1897இல் திறந்த பார்சி லைட் ரயில்வே இதற்கு ஒரு விடை வைத்திருந்தது. 762 மில்லிமீட்டர் அகலம், கஜத்துக்கு 30 பவுண்டு எடையுள்ள மெல்லிய தண்டவாளம், எந்த அச்சின் மேலும் 5 டன்னுக்கு மிகாத சுமை. பாரத்தை அச்சுகளுக்குச் சமமாகப் பங்கிட்டால் மெல்லிய பாதையும் கனத்த சரக்கைத் தாங்கும் என்று அவர் நடத்திக் காட்டினார். அதே 762 மில்லிமீட்டரில் 1905இல் திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி பாதை, சுமார் 40 கி.மீ., திறக்கப்பட்டது. 1906இல் மொரப்பூர்–தருமபுரி, சுமார் 30 கி.மீ.; இது 1913இல் ஓசூர் வரை நீண்டது. திருப்பத்தூர், மொரப்பூர் இரண்டும் ஜோலார்பேட்டை–சேலம் பிராட் கேஜ் தடத்தில் இருப்பவை. கிருஷ்ணகிரிப் பாதை 1936இல் மூடப்பட்டது, ஓசூர்ப் பாதை 1941இல். உலகப்போர் இரும்பைத் தேடிக்கொண்டிருந்த நேரம் அது.

இப்போது பலகைக்கு வருவோம். வீட்டில் மாதிரி ரயில் அமைப்பவர்கள் உலகெங்கும் அதிகம் கையாளும் அளவு 1:87. அசலில் 87 மீட்டர் மாதிரியில் ஒரு மீட்டர். 762ஐ 87ஆல் வகுத்தால் 8.76 மில்லிமீட்டர் வருகிறது. இன்னும் சிறிய அளவு ரயில்களுக்காகக் கடைகளில் விற்கும் 9 மில்லிமீட்டர் தண்டவாளம் இதற்குக் கச்சிதமாகப் பொருந்திவிடுவதால் நேரோ கேஜ் மாதிரி கட்டுவது எளிது. கணக்கு அதன் பிறகுதான் கடினமாகிறது. மொரப்பூரிலிருந்து தருமபுரி வரையுள்ள 30 கி.மீ. 1:87இல் 345 மீட்டர் ஆகிறது. எந்த வீட்டுக் கூடமும் அதற்குப் போதாது. பத்தடிப் பலகை ஒன்று கிடைத்தால் அது அசலில் வெறும் 265 மீட்டர். வளைவும் இப்படித்தான். கடையில் கிடைக்கும் வளைந்த தண்டவாளத் துண்டு சுமார் 23 சென்டிமீட்டர் ஆரம் கொண்டது, அசலில் 20 மீட்டர். இதே 762 மில்லிமீட்டர் அகலத்தில் ஓடும் கால்கா–சிம்லா பாதையில் மிகக் கூர்மையான வளைவின் ஆரமே சுமார் 37.5 மீட்டர். ஆகவே திட்டம் போடுகிறவர் பென்சிலை எடுத்ததுமே தீர்மானிக்க வேண்டியது எதைக் கட்டுவது என்று அல்ல, எதை விட்டுவிடுவது என்று. வயல்கள் போகும், புளியமரச் சாலைகள் போகும், பாதி வழி நிறுத்தங்கள் போகும். கடைசியில் எதைத்தான் விட முடியாது என்று பார்த்தால் மிஞ்சுவது சந்திப்பு நிலையம்.

அந்தச் சந்திப்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் பிராட் கேஜ் தடம், 1:87இல் 19.3 மில்லிமீட்டர், அதற்குரிய தண்டவாளம் கடையில் இல்லை, கையால்தான் பதிக்க வேண்டும். மறுபக்கம் அதில் பாதிகூட இல்லாத 9 மில்லிமீட்டர் தடம். இரண்டுக்கும் நடுவே சரக்கு மாற்றும் மேடை. மேடைக்கு மேல் கொட்டகை, கொட்டகைக்கு வண்டிப்பாதை. பெரிய வேகன் ஒன்று வந்து நின்றால் அதன் சுமையை வாங்கிக்கொள்ளச் சிறிய வேகன்கள் பல வரிசையில் காத்திருக்க வேண்டும், எனவே சிறிய தடத்துக்கு இரண்டு மூன்று கிளைகள். எஞ்சின் முன்பின் மாற ஒரு சுற்றுத்தடம், தண்ணீர்த் தொட்டி, கரிக்குழி. இத்தனையும் வரைந்து முடிக்கும்போது பத்தடிப் பலகை தீர்ந்துபோகிறது. ரயில் இன்னும் புறப்படவில்லை! பலகை இங்கே காட்டிக்கொடுப்பது அந்தப் பாதைகளின் பொருளாதாரத்தை. கோணிமூட்டையை ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்றும் கூலியும் நேரமும் சேதமும் அந்த மூட்டை 30 கி.மீ. போனாலும் 300 கி.மீ. போனாலும் ஒன்றுதான். தூரம் நீண்டால் அந்தச் செலவு கரைந்துபோகும், குறைந்தால் மொத்தச் செலவையும் விழுங்கிவிடும். முள்ளிப்பட்டு நெசவாளருக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. தறியில் பழைய பாவு தீர்ந்ததும் புதுப் பாவின் சில ஆயிரம் இழைகளை ஒவ்வொன்றாகப் பழையதோடு பிணைக்க வேண்டும். ஒரு சேலை நெய்தாலும் மூன்று சேலை நெய்தாலும் பிணைக்கிற வேலை ஒன்றே. அதனால்தான் ஒரே சேலைக்காகப் பாவு ஏற்றுவதில்லை. கிருஷ்ணகிரிப் பாதை ஒற்றைச் சேலைக்காக ஏற்றிய பாவு.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். ஓசூர் வரை நீண்ட பாதை நூறு கி.மீ.க்கு மேல், அது குறுகிய தூரம் இல்லையே, அதுவும்தானே அழிந்தது? நியாயமான கேள்வி. விடை மறுமுனையில் இருக்கிறது. ஓசூரில் அந்தப் பாதை வேறெந்த ரயிலோடும் சேரவில்லை. பெங்களூர் 40 கி.மீ. தூரத்தில், கண்ணுக்கு எட்டுவதுபோல் இருந்தும் தண்டவாளம் ஓசூரோடு நின்றது. ஆகவே பெங்களூருக்குப் போகும் மூட்டை மொரப்பூரில் ஒருமுறை வண்டி மாறி, ஓசூரில் மாட்டுவண்டிக்கு இன்னொருமுறை மாற வேண்டும். நீளம் கூடியது, பிணைப்பும் கூடியது. 1920களில் மோட்டார் பஸ்ஸும் லாரியும் வந்தபோது அவை ரயிலை வென்றது வேகத்தால் அல்ல, வாசலில் ஏற்றி வாசலில் இறக்கியதால். இந்தியா முழுவதும் சாலைக்கும் ரயிலுக்கும் மூண்ட இந்தப் போட்டியை ஆராய்ந்து மிட்செல், கிர்க்னஸ் என்ற இரண்டு அதிகாரிகள் 1933இல் அறிக்கை தரவேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. முட்டுச்சந்தில் முடியும் சிறு பாதைகள்தான் இதில் முதலில் வீழ்ந்தன என்பதில் வியப்பில்லை.

அகலமே காரணம் என்பவர்கள் இன்னொரு வாதம் வைக்கலாம். சரக்கு மாற்ற வேண்டிவந்ததே அகலம் வேறுபட்டதால்தானே, பிறகு அகலத்தைக் குற்றமற்றது என்பது எப்படி? இதற்கு ஆரணி ரோடே பதில். அந்த நிலையத்தைக் கடந்த மீட்டர் கேஜும் காட்பாடியில் பிராட் கேஜோடு மோதியது, அங்கேயும் மூட்டைகள் வண்டி மாறின. இருந்தும் ஒரு நூற்றாண்டுக்கு மேல், இந்த நூற்றாண்டில் அகலப்படுத்தப்படும் வரை, அது ஓடியது. தூத்துக்குடியிலிருந்து எழும்பூர் வரை மீட்டர் கேஜிலேயே போய்வர ஒரு பெரிய வலை இருந்ததுதான் வித்தியாசம். 762 மில்லிமீட்டரிலேயே உதாரணம் வேண்டுமானால் இலங்கையைப் பார்க்கலாம். 1900களின் தொடக்கத்தில் அமைந்த களனிப் பள்ளத்தாக்குப் பாதை கொழும்பு நகருக்குள்ளேயே வந்து முடிந்தது. இரப்பரும் தேயிலையும் துறைமுக நகரத்துக்கே வந்துசேர்ந்தன, பின்னாளில் வேலைக்குப் போவோரும் அதில் பயணித்தனர். 1990களில் அகலப்பாதையாக மாறும் வரை அது ஓடியது. 1903இல் திறந்த கால்கா–சிம்லா இன்றும் ஓடுகிறது. மலையில் அதற்கு ஈடான மாற்று வழி நெடுங்காலம் இல்லை. மூணாறின் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய 610 மில்லிமீட்டர் பாதை தேயிலைப் பெட்டிகளை டாப் ஸ்டேஷன் வரை கொண்டுபோனது; அங்கிருந்து அவை கம்பிவடத்தில் தமிழகத்தின் கொட்டகுடிக்கு இறங்கின. அந்தப் பாதை நின்றது நஷ்டத்தால் அல்ல, 1924 வெள்ளம் அடித்துச் சென்றதால். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இந்தப் பாதைகளின் ஆயுள் இப்படி ஏறி இறங்கும்போது, எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றான குறுகிய அகலத்தைச் சாவுக்குக் காரணமாகக் காட்டுவது எடுபடாது.

பொம்மை ரயிலை வைத்து வரலாறு பேசலாமா என்ற ஐயம் மிச்சம் இருக்கும். அதோடு, இது மேல்நாட்டுப் பொழுதுபோக்கு, நமக்கும் இதற்கும் என்ன என்ற முணுமுணுப்பும். இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்வோம். நவராத்திரி கொலுப்படிக்குக் கீழே மணல் பரப்பி, கேழ்வரகும் கடுகும் தூவி முளைக்கவைத்து வயல் செய்து, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, ஓரத்தில் சாவி கொடுத்த ரயிலை ஓடவிடும் ‘பார்க்’ தமிழ் வீடுகளுக்குப் புதிதல்ல. ஊரைச் சுருக்கித் தரையில் படைக்கும் ஆசை நம்முடையதும்தான். அளவு பார்க்கும் கட்டாயம் மட்டும் அதில் இல்லை. அளவு பார்ப்பதும் நமக்கு அந்நியமில்லை. சேலைக்கரையில் ஓர் அன்னம் வரவேண்டுமென்றால் முதலில் அது கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக இறங்கும், பிறகு ஜக்கார்டு அட்டையில் துளையாகும், அதன்பின்தான் தறிக்கு வரும். கட்டத்துக்கும் இழைக்கும் கணக்கு பிசகினால் அன்னத்தின் கழுத்து நீண்டுவிடும். மாதிரி ரயிலின் திட்டமும் அதே வகைக் கணக்குத்தான். முதல் ஐயத்துக்கு வருவோம். மாதிரி பொய் சொல்லும், உண்மைதான். வளைவை நெரிக்கும், ஒன்றரை மணிப் பயணத்தை அரை நிமிடமாக்கும், வெயிலையும் புகையையும் கரிநாற்றத்தையும் தராது. ஆனால் ஓர் இடத்தில் அதனால் பொய் சொல்ல முடியாது. ‘மொரப்பூரில் சரக்கு மாற்றப்பட்டது’ என்று எழுத்தில் மூன்று சொற்களில் கடந்துவிடலாம். பலகையில் அந்த மூன்று சொற்களுக்கு இடம் ஒதுக்கியே தீரவேண்டும், ஒதுக்கும்போது அது எவ்வளவு பெரியது என்று தெரிந்துவிடும். ஆவணத்துக்கு மாற்றாக மாதிரியை யாரும் வைக்கச் சொல்லவில்லை. ஆவணத்தில் எந்த வரியில் நிற்க வேண்டும் என்று அது காட்டுகிறது, அவ்வளவே.

இந்தக் கணக்கை ஆரணிக்குப் பொருத்திப் பார்த்தால் என்ன கிடைக்கும்? ஆரணி ரோட்டிலிருந்து ஆரணிக்கு ஒரு 762 மில்லிமீட்டர் பாதை அன்றே போட்டிருந்தால் அதன் நீளம் கிருஷ்ணகிரிப் பாதையில் மூன்றில் ஒரு பங்குதான் இருந்திருக்கும். 1:87இல் 140 மீட்டருக்கும் குறைவு; அதிலும் ஒரு முனையில் சரக்கு மாற்றும் மேடை, மறுமுனையில் முட்டுச்சந்து. ஊரின் பேர்பெற்ற சரக்கோ முக்கால் கிலோவும் ஒரு கிலோவுமாக எடை போடும் சேலை. கர்நாடகத்திலிருந்து வரும் பட்டுநூலும் சூரத்திலிருந்து வரும் சரிகையும் பொட்டலமாகவே வந்துவிடும். அரிசி கனமான சரக்குதான், ஆனால் பத்துக் கி.மீ.க்காக அரிசி மூட்டையை வண்டியிலேற்றி, இறக்கி, மறுபடி ஏற்றுவதைவிட மாட்டுவண்டியே நேராக நிலையத்துக்குக் கொண்டுபோய்விடும். அப்படி ஒரு பாதை வந்திருந்தால் முதல் பஸ்ஸைக் கண்டதும் மூச்சை விட்டிருக்கும். ஆரணி வழியாகத் திண்டிவனத்தையும் நகரியையும் இணைக்க 2006–07இல் அனுமதி பெற்ற பாதைத் திட்டம் வேறு வகை. அது இரண்டு முனைகளிலும் ரயிலோடு சேர்வது, ஆரணி அதில் நடுவே வரும் ஓர் ஊர். கிருஷ்ணகிரி நகருக்கு இன்றும் ரயில் இல்லை. வந்துபோன சிறு பாதை அந்த ஊரை நிரந்தரமாக இணைக்கவில்லை. ஆகவே ஆரணி ரோட்டுப் பெயர்ப்பலகையை ஓர் ஏமாற்றமாக மட்டும் படிக்க வேண்டாம். மிச்சத் தூரத்தைச் சாலைதான் பார்த்துக்கொள்ளும் என்று அந்தப் பெயர் முதல் நாளே ஒத்துக்கொண்டது. கிருஷ்ணகிரிக்கு அது புரிய முப்பத்தொரு வருடம் பிடித்தது.