பெனீத்தாவின் 3,000 டாலர்

போன சில வாரங்களா யுத்தம், ஒப்பந்தம், தேர்தல்னு பெரிய விஷயங்களாவே பேசிக்கிட்டு இருந்தோம். இந்த வாரம் ஒரே ஒரு பொண்ணு. அதுவும் நிஜத்தில் பிறக்காத பொண்ணு, ஒரு நாடகத்தில் வர்ற கதாபாத்திரம். பேர் பெனீத்தா யங்கர். வயசு 20. ஊர் சிகாகோ. டாக்டராகணும்னு ஆசை.

சரித்திரம் பேசுற இடத்தில் நாடகம் எதுக்குன்னு உங்களுக்குத் தோணலாம். இந்தப் பொண்ணோட கதையைப் பிடிச்சு இழுத்தா, பின்னாடியே அமெரிக்க உச்ச நீதிமன்ற வழக்கு ஒண்ணு வருது. மருத்துவக் கல்லூரிகளை மூட வச்ச ஒரு அறிக்கை வருது. நைஜீரியாவோட முதல் ஜனாதிபதிகூட ஓரமா எட்டிப் பார்க்கிறார். அதனாலதான்.

நாடகத்தோட பேர் 'எ ரெய்சின் இன் தி சன்'. எழுதினவங்க லோரெய்ன் ஹான்ஸ்பெர்ரி. 1959 மார்ச் 11-ஆம் தேதி நியூயார்க் பிராட்வேயில், எதெல் பேரிமோர் தியேட்டர்ல முதல் காட்சி. ஒரு கறுப்பினப் பெண் எழுதின நாடகம் பிராட்வே மேடை ஏறினது அதுதான் முதல் தடவை. அப்போ ஹான்ஸ்பெர்ரிக்கு 28 வயசு. பணம் போட ஆள் கிடைக்காம தயாரிப்பாளர் ஃபிலிப் ரோஸ் ஒரு வருஷத்துக்கு மேல அலைஞ்சார். கடைசியில் 530 காட்சிகள் ஓடிச்சு. நியூயார்க் நாடக விமர்சகர் வட்டத்தோட அந்த வருஷத்துச் சிறந்த நாடக விருதும் கிடைச்சது. நாயகன் வால்டர் லீயா நடிச்சவர் சிட்னி பாய்ட்டியே. பெனீத்தாவா நடிச்சவங்க டயானா சேண்ட்ஸ்.

கதை சுருக்கம்தான். சிகாகோவோட தெற்குப் பகுதியில், ஒரு சின்ன அடுக்ககத்தில் ஒரு கறுப்பினக் குடும்பம். அம்மா லீனா, மகன் வால்டர், மருமகள் ரூத், பேரன் டிராவிஸ், மகள் பெனீத்தா. குளியலறை வெளியே, பக்கத்து வீட்டோட பொது. அப்பா உழைச்சு உழைச்சே செத்துப் போயிட்டார். அவரோட ஆயுள் காப்பீட்டுப் பணம் 10,000 டாலர் வரப் போகுது. வால்டருக்கு மதுக்கடை தொடங்க ஆசை. அம்மாவுக்கு வீடு வாங்க ஆசை. பெனீத்தாவுக்கு மருத்துவக் கல்லூரி.

இப்போ கணக்கைக் கவனிங்க. அம்மா 3,500 டாலரை முன்பணமாக் கட்டி, வெள்ளைக்காரங்க மட்டும் இருக்கிற ஒரு பகுதியில் வீடு வாங்குறாங்க. மீதி 6,500 டாலரை வால்டர் கையில் குடுத்து ஒண்ணு சொல்றாங்க. இதுல 3,000 டாலரைத் தங்கச்சி படிப்புக்குன்னு சேமிப்புக் கணக்குல போடு, மிச்சம் உன் பொறுப்பு. வால்டர் பேங்க் பக்கமே போகலை. மொத்தத்தையும் மதுக்கடைக் கூட்டாளி ஒருத்தன்கிட்ட குடுக்கிறான். கூட்டாளி பணத்தோட ஓடிப் போயிடறான்.

இதுக்கு நடுவுல, நீங்க இங்க குடிவர வேண்டாம், வீட்டை நாங்களே நல்ல விலைக்குத் திரும்ப வாங்கிக்கிறோம்னு புதுப் பகுதியிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பிரதிநிதி வர்றார். கையில் காசில்லாத வால்டர் அந்தப் பணத்தை வாங்கத் துணிஞ்சு, கடைசி நிமிஷத்துல நிமிர்ந்து நின்னு முடியாதுன்னு சொல்றான். குடும்பம் புது வீட்டுக்குக் கிளம்புது. அரங்கம் கைதட்டுது. வால்டர் ஆம்பளையானான், அம்மா ஜெயிச்சாங்கன்னு எல்லாரும் வீட்டுக்குப் போவாங்க.

அந்த 3,000 டாலர்? அது திரும்பி வரவே இல்லை.

எனக்கு இந்த நாடகத்தில் ரொம்ப நாளா உறுத்துற விஷயம் இதுதான். திருட்டுப் போனதில் ஒரு பங்கு ஒரு பொண்ணோட மருத்துவப் படிப்பு. அவளைக் கேட்டுக்கிட்டு யாரும் அந்தப் பணத்தைத் தொடலை. ஆனா வீட்டோட வெற்றியில் அது கரைஞ்சு போயிடுது.

டாக்டராகணும்னு அவளுக்கு எப்படித் தோணிச்சுன்னு ஒரு இடம் வரும். சின்ன வயசுல, பனிக்காலத்துல, பசங்க சறுக்கி விளையாடறாங்க. ரூஃபஸ்னு ஒரு பையன் விழுந்து முகம் பிளந்துக்குது. செத்தே போயிடுவான்னு இவ நினைக்கிறா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் தைச்சு அனுப்பறாங்க. அடுத்த தடவை பார்க்கும்போது அவன் முகத்து நடுவுல ஒரு மெல்லிய கோடு மட்டும்தான். உடைஞ்ச ஒரு மனுஷனை இன்னொரு மனுஷன் தைச்சுச் சரி பண்ண முடியும்கிறது அவளுக்கு உலகத்திலேயே பெரிய அதிசயமா தெரியுது.

அந்த ஆசைக்கு நிஜத்தில் எவ்வளவு இடம் இருந்தது? 1910-ல ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளைப் பத்தி ஒரு அறிக்கை குடுத்தார். தரமில்லாத கல்லூரிகளை மூடச் சொன்ன அறிக்கை. நிறைய விஷயத்தில் நியாயமானதும்கூட. ஆனா அப்போ இருந்த 7 கறுப்பின மருத்துவக் கல்லூரிகளில் ஹோவர்டு, மெஹாரி ரெண்டு மட்டும் போதும்னார். 1920-கள் நடுவுக்குள்ள மத்த அஞ்சும் மூடியாச்சு. அதே அறிக்கையில் இன்னொரு விஷயமும் இருக்கு. கறுப்பின மருத்துவர்களுக்கு அறுவைச் சிகிச்சையைவிடச் சுகாதாரப் பயிற்சிதான் முக்கியம்ங்கிற தொனி. அதாவது ரூஃபஸ் முகத்தைத் தைக்கிற வேலை உங்களுக்கு இல்லை, நீங்க உங்க தெருவைச் சுத்தமா வச்சுக்கக் கத்துக் குடுங்க.

அதையும் தாண்டி வந்தவங்க இருந்தாங்க. ஹெலன் டிக்கன்ஸ்னு ஒருத்தங்க. அவங்க அப்பா அடிமையாப் பிறந்தவர். 1934-ல இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் வாங்கினாங்க. வகுப்புல எப்பவும் முன் வரிசையில்தான் உக்காருவாங்களாம். பின்னாடி இருந்து யாராவது கேலியா சைகை செஞ்சா அது இவங்க கண்ணுல படாது, பாடம் நடத்துற பேராசிரியர் கண்ணுலதான் படும். எவ்வளவு யோசிச்சிருக்காங்க பாருங்க. பெனீத்தாவோட ஊரான சிகாகோவிலேயே, கறுப்பின மக்களோட ப்ராவிடென்ட் ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்தாங்க. 1950-ல அமெரிக்க அறுவைச் சிகிச்சையாளர் கல்லூரியில் உறுப்பினரான முதல் கறுப்பினப் பெண் அவங்கதான். ஆக, பெனீத்தா கண்டது பகல்கனவு இல்லை. வழி இருந்தது. ஆனா கதவு ரொம்பக் குறுகல், காசில்லாம உள்ளே போக முடியாது.

வீட்டுல அவளை யாரும் முழுசா நம்பறதில்லை. டாக்டர் ஆசைன்னா போய் நர்ஸாகு, இல்லேன்னா கல்யாணம் பண்ணிக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருன்னு வால்டர் எரிஞ்சு விழுவான். அம்மாவுக்குப் பாசம் உண்டு, ஆனா கடவுள் இல்லைன்னு இவ சொன்னதும் கன்னத்தில் ஒரு அறை. என் அம்மா வீட்டுல இன்னும் கடவுள் இருக்கார்னு அவ வாயாலேயே சொல்ல வைக்கிறாங்க. இவளும் லேசுப்பட்டவ இல்லை. போட்டோ எடுக்கக் கிளம்பினா, விட்டா. நாடகக் குழுவில் சேர்ந்தா, விட்டா. குதிரை ஏத்தம் கத்துக்க 55 டாலருக்கு உடுப்பு வாங்கினா, அது அலமாரியில் தொங்குது. இப்போ கிட்டார். அரங்கம் சிரிக்கும். சிரிக்கிறதுக்குத்தான் எழுதியிருக்காங்க.

யாரைப் பார்த்துச் சிரிக்க? எழுதினவங்களையேதான். பெனீத்தாங்கிறது எட்டு வருஷத்துக்கு முந்தைய நான்தான்னு ஹான்ஸ்பெர்ரியே ஒரு பேட்டியில் சொல்லியிருக்காங்க. ஆனா ஒரு வித்தியாசம் உண்டு, அதுதான் எனக்கு சுவாரஸ்யம். ஹான்ஸ்பெர்ரி ஏழை வீட்டுப் பொண்ணு இல்லை. அவங்க அப்பா கார்ல் ஹான்ஸ்பெர்ரி சிகாகோவில் பெரிய வீட்டுமனை வியாபாரி. பெரிய அடுக்ககங்களைச் சின்னச் சின்னதா தடுத்து, கறுப்பினக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டுச் சம்பாதிச்சவர். யங்கர் குடும்பம் மூச்சு முட்டி வாழுற வீடு இருக்கே, அது கிட்டத்தட்ட அந்த மாதிரி வீடுதான். நாடகத்தில் பெனீத்தாவைச் சுத்தி வர்ற பணக்காரப் பையன் ஜார்ஜ் மர்ச்சிசன்தான் வர்க்கத்தால ஹான்ஸ்பெர்ரிக்குச் சொந்தக்காரன். அவனை அவங்க எழுதின விதத்தில் கொஞ்சம்கூட இரக்கம் கிடையாது.

அதே அப்பாதான் 1937-ல வெள்ளைக்காரங்க பகுதியில் ஒரு வீடு வாங்கினார். கறுப்பினத்தவருக்கு விக்கவோ வாடகைக்கு விடவோ மாட்டோம்னு வீட்டுக்காரங்க எழுதி வச்ச உடன்படிக்கை அங்க இருந்தது. கும்பல் கூடிச்சு. வீசின கல் ஒண்ணு ஏழெட்டு வயசு லோரெய்ன் தலையில் படாம தப்பிச்சது. அப்பா வழக்குக்காக வெளியூர்ல இருக்க, அம்மா ராத்திரி முழுக்கக் குண்டு நிரப்பின துப்பாக்கியோட வீட்டைச் சுத்திக் காவல் இருந்தாங்க. 1940-ல உச்ச நீதிமன்றத்தில் ஜெயிச்சாங்க. ஆனா இப்படி உடன்படிக்கை போடறதே தப்புன்னு நீதிமன்றம் சொல்லலை. 95 சதவீத நிலமுகப்புக்கு உரிமையாளர்கள் கையெழுத்துப் போட்டாத்தான் உடன்படிக்கை செல்லும், உண்மையில் போட்டது சுமார் 54 சதவீதம்தான். போட்டாச்சுன்னு ஒத்துக்கிட்ட ஒரு பழைய வழக்கு இவங்களைக் கட்டுப்படுத்தாதுன்னு மட்டும் தீர்ப்பு. நீதிமன்றங்கள் இந்த உடன்படிக்கைகளை அமல்படுத்தக் கூடாதுன்னு தீர்ப்பு வர 1948 ஆச்சு. அதைப் பார்க்க கார்ல் இல்லை. அமெரிக்காவே வேண்டாம்னு குடும்பத்தை மெக்ஸிகோவுக்குக் கூட்டிப் போக ஏற்பாடு பண்ணிக்கிட்டு இருந்தவர், 1946-ல அங்கேயே இறந்து போனார். யங்கர் குடும்பம் புது வீட்டுக்குக் கிளம்புறதை வெற்றின்னு கைதட்டினவங்களுக்கு, போய்ச் சேருற இடத்தில் என்ன காத்திருக்குன்னு எழுதினவங்களுக்குத் தெரிஞ்ச அளவு தெரிஞ்சிருக்காது.

சரி, ஆப்பிரிக்காவுக்கு வருவோம். பெனீத்தாவோட படிக்கிற நைஜீரிய மாணவன் அசாகாய். யோருபா இனத்தவன். அவளுக்கு நைஜீரிய உடையும் இசைத்தட்டும் கொண்டுவந்து குடுக்கிறான். அவ முடியைப் பார்த்து, நீ பிறக்கும்போதே இப்படித்தான் இருந்ததான்னு கேக்கிறான். அந்தக் காலத்தில் கறுப்பினப் பெண்கள் முடியைச் சூடுபண்ணி நீட்டி நேராக்கிக்கிறது வழக்கம். அடுத்த அங்கத்தில் தலைத்துணியை எடுப்பா. சுருள் சுருளா, ஒட்ட வெட்டின இயற்கையான முடி.

இந்தக் காட்சி 1959 மேடையில் இல்லை! எழுதினாங்க, ஆனா நடக்கலை. முதல் காட்சிக்குச் சில நாள் முன்னாடி டயானா சேண்ட்ஸுக்கு முடி வெட்டினாங்க. அந்த வெட்டு அவங்க முகத்துக்குப் பொருந்தலை. கறுப்பினப் பெண்ணோட முடி அழகுன்னு சொல்ல வந்த காட்சி, அழகில்லைன்னு சொல்லிடக் கூடாதேன்னு எடுத்துட்டாங்க. அறுபதுகளின் நடுவுல ஆஃப்ரோ தலை தெருவெங்கும் வந்தாச்சு. டயானா சேண்ட்ஸே பின்னாடி அப்படி வச்சுக்கிட்டாங்க. எண்பதுகளில் வந்த பதிப்புகளில்தான் காட்சி திரும்பி வந்தது. ஊர் ஏத்துக்கறதுக்கு முன்னாடியே ஒரு விஷயத்தை எழுதிட்டா இப்படித்தான், வெட்டிக் காட்ட கத்தரி தெரிஞ்ச ஆள்கூட இருக்க மாட்டாங்க.

பெனீத்தாவோட ஆப்பிரிக்க மோகத்தை மேடையில் எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க. ஆனா ஹான்ஸ்பெர்ரிக்கு அது மோகம் இல்லை. அவங்க பெரியப்பா வில்லியம் லியோ ஹான்ஸ்பெர்ரி ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க வரலாறு நடத்தினவர். அவர்கிட்ட படிச்சவங்கள்ல ஒருத்தர் நாம்டி அசிகிவே, பின்னாடி நைஜீரியாவோட முதல் ஜனாதிபதி. லோரெய்ன் தனியா டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ்கிட்ட ஆப்பிரிக்க வரலாறு படிச்சாங்க, பால் ராப்சனோட 'ஃப்ரீடம்' பத்திரிகையில் வேலை பார்த்தாங்க. கானா விடுதலையானது 1957. நைஜீரியா 1960 அக்டோபர் 1. நாடகம் வந்தது நடுவுல. மேடையில் அசாகாய் சுதந்திரத்தைப் பத்திப் பேசும்போது அவன் நாடு இன்னும் பிரிட்டிஷ்காரங்க கையில்தான். பிலடெல்ஃபியாவில் முன்னோட்டக் காட்சி நடந்தப்போ எஃப்.பி.ஐ. ஆள் ஒருத்தர் உக்காந்து பார்த்து, இதுல கம்யூனிசப் பிரசாரம் எதுவும் இல்லைன்னு அறிக்கை எழுதி அனுப்பினார்.

மூணாவது அங்கத்துல பணம் போன ஒரு மணி நேரத்துக்குள்ள அசாகாய் வர்றான். பெனீத்தா இடிஞ்சு போய் உக்காந்திருக்கா. யாரையும் குணப்படுத்தி என்ன ஆகப் போகுதுங்கிற அளவுக்கு வெறுத்துட்டா. அவன் ஆறுதல் சொல்லாம ஒரு கேள்வி கேக்கிறான். அது உன் பணமா? நீ சம்பாதிச்சதா? ஒருத்தர் சாகலேன்னா அது வந்திருக்குமா? ஒரு மனுஷன் செத்தாத்தான் கனவு நடக்கும்னா, அந்த வீட்டுல என்னமோ தப்பு இருக்கில்லையா?

நல்ல கேள்விதான். ஆனா எனக்கு அசாகாய் மேல ஒரு சின்னக் கோபமும் உண்டு. சம்பாதிக்கிற வாய்ப்பே இல்லாதவகிட்ட நீ சம்பாதிச்சியான்னு கேக்கிறது சுலபம். அப்புறம் அவன் என்கூட நைஜீரியாவுக்கு வா, அங்க வந்து டாக்டராகுன்னு கூப்பிடறான். அண்ணன் கல்யாணம் பண்ணிக்கோன்னான், இவனும் வேற வார்த்தையில் அதைத்தான் சொல்றானோன்னு ஒரு சந்தேகம். 2013-ல குவாமே குவெய்-ஆர்மா 'பெனீத்தாஸ் பிளேஸ்'னு ஒரு நாடகமே எழுதினார். லாகோஸ் போன பெனீத்தாவுக்கு என்ன ஆச்சுங்கிறதுதான் கதை. அவர் கண்ட பெனீத்தா கடைசியில் பேராசிரியை. டாக்டர் இல்லை.

ஹான்ஸ்பெர்ரி 1965 ஜனவரி 12-ல கணையப் புற்றுநோயால இறந்தாங்க. வயசு 34. டயானா சேண்ட்ஸ் 1973-ல, அவங்களும் புற்றுநோயால, 39 வயசுல. 2004-ல சனா லேத்தன், 2014-ல அதே எதெல் பேரிமோர் தியேட்டர்ல அனிகா நோனி ரோஸ்னு பெனீத்தா மறுபடி மறுபடி மேடை ஏறிக்கிட்டே இருக்கா.

நாடகத்தோட கடைசிப் பக்கங்களில் சாமான் மூட்டை எல்லாம் கீழே போகுது. பெனீத்தா அம்மாகிட்ட அசாகாய் கூப்பிட்டதைச் சொல்றா. நான் ஆப்பிரிக்கா போய் டாக்டராகப் போறேம்மான்னு. அம்மாவுக்குக் காதுல பாதிதான் விழுது, நாற்காலி இறங்கிச்சான்னு பார்த்துக்கிட்டு இருக்காங்க. வால்டர் குறுக்கே வந்து, ஜார்ஜ் மாதிரி பணக்காரனைக் கட்டிக்கோங்கிறான். யாரைக் கட்டிக்கிறதுன்னு அண்ணனும் தங்கச்சியும் சண்டை போட்டுக்கிட்டே படி இறங்கறாங்க. குரல் தேஞ்சு தேஞ்சு போகுது. மேடையில் அம்மா மட்டும் நிக்கிறாங்க. 3,000 டாலரைப் பத்தி யாரும் எதுவும் சொல்லலை.

அடுத்த வாரம் சந்திப்போம்.