நான்கு கட்டத் தாள்: அமெரிக்கக் கார் பேரம் குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

போன தை மாதம் மச்சானுடன் ஒரு கார் ஷோரூமுக்குப் போயிருந்தேன். துணைக்குத்தான். எனக்கு ஓட்டவும் தெரியாது, வாங்கும் வசதியும் இல்லை. மச்சான் விலை கேட்டார். விற்பனைப் பையன் விலை சொல்லவில்லை. 'மாசம் எவ்வளவு கட்டினா உங்களுக்குச் சௌகரியப்படும் சார்?' என்று திருப்பிக் கேட்டான். மச்சான் மனசுக்குள் கணக்குப் போட்டு ஒரு எண்ணைச் சொன்னார். அப்புறம் நடந்த ஒரு மணிநேரப் பேச்சும் அந்த எண்ணைச் சுற்றியே நடந்தது. கார் என்ன விலை என்ற கேள்வி எப்போது காணாமல் போனது என்று அவருக்கும் தெரியவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் தெரியவில்லை.

அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது நம்மூர் வரலாறு அல்ல. அமெரிக்காவில் நூறு வருடங்களாக வளர்ந்து, செம்மைப்பட்டு, கப்பலேறி வந்தது.

பேரம் என்றதும் நம் படிப்பாளிகளுக்குக் கீழைத்தேயச் சந்தை ஞாபகம் வந்துவிடுகிறது. பேரம் பழமை, நிர்ணய விலை நவீனம். பேரம் கிழக்கு, விலைச்சீட்டு மேற்கு. இந்த எதிர்வு சுத்தமான கற்பிதம். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பட்டினப்பாலை புகழ்வதே அவர்களுடைய நேர்விலைக்காகத்தான். மேற்கிலோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாதிவரை கடைக்குக் கடை பேரம்தான். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர்கள் மட்டும் அதை மறுத்தார்கள்: வாங்கிக்கொள்ளச் சம்மதமான விலைக்கு மேல் ஒரு விலையைச் சொல்வது பொய், பொய் பாவம் என்பது அவர்கள் கட்சி. பின்னால் நியூயார்க்கில் ஸ்டூவர்ட், பாரிசில் பூசிக்கோ, ஃபிலடெல்ஃபியாவில் வானமேக்கர் என்று பெருங்கடை முதலாளிகள் நிர்ணய விலையைக் கொண்டுவந்தது பாவத்துக்கு அஞ்சி அல்ல. நூற்றுக்கணக்கான சிப்பந்திகளுக்குப் பேரம் பேசக் கற்றுக்கொடுப்பதைவிடச் சீட்டு ஒட்டுவது சுலபம். ஆக, இருபதாம் நூற்றாண்டு பிறக்கையில் துணியும் பாத்திரமும் சீட்டு விலைக்கு வந்துவிட்டன. அதற்கப்புறம் பிறந்த சரக்கு கார். தொழிற்சாலையில் ஒரே அச்சில் வார்த்த சரக்கு. அதில் எப்படி பேரம் நுழைந்தது?

ஹென்றி ஃபோர்டிடம் அது நுழையவில்லை. அவருடைய ஒரே உத்தி விலையைக் குறைத்துக்கொண்டே போவது. 1908இல் 850 டாலருக்கு வந்த மாடல் டி, 1925இல் அதன் மலிவான வடிவில் 260 டாலர். கடனை ஃபோர்டு வெறுத்தார். தவணை கேட்டவர்களுக்காக 1923இல் ஒரு வாராந்தரத் திட்டம் போட்டார்: வாரம் 5 டாலர் கட்டிக்கொண்டே வா, முழு விலையும் சேர்ந்ததும் வண்டியை எடுத்துக்கொள். நம்ம ஊர் நகைக்கடைச் சீட்டு மாதிரி. ஆனால் எதிர்முகாமான ஜெனரல் மோட்டார்ஸ் 1919லேயே தனக்கென ஒரு நிதி நிறுவனத்தை, ஜிமேக்கை, தொடங்கியிருந்தது. அங்கே வண்டி முதலில், பணம் பிறகு. ஆசையைத் தள்ளிப்போடச் சொல்பவனுக்கும் கடனைத் தள்ளிப்போடச் சொல்பவனுக்கும் போட்டி என்றால் யார் ஜெயிப்பான்? 1920களின் நடுவில் அமெரிக்காவில் விற்ற கார்களில் நான்கில் மூன்று தவணைக்குப் போயின. ஃபோர்டும் இறங்கிவந்து 1928இல் சொந்தமாக ஒரு கடன் நிறுவனம் வைத்தார்.

ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன், 1964இல் வந்த தன் நினைவுக்குறிப்பில், இருபதுகளில் சந்தையைப் புரட்டிப்போட்டவை நான்கு என்கிறார்: தவணை விற்பனை, பழைய வண்டியை மாற்றுக்கு எடுத்தல், மூடிய கூண்டு, வருடாவருடம் புது மாடல். மூடிய கூண்டை விட்டுவிடுவோம். மற்ற மூன்றும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டவை. புது மாடல் வருவதால் நேற்றைய கார் பழையதாகிறது, அதைத் தள்ளிவிட்டுத்தான் புதிதை வாங்க வேண்டும், மீதிக்குக் கடன். புதுக் காருக்கு விலைப்பட்டியல் போடலாம், ஓடித் தேய்ந்த காருக்கு யார் போடுவது? வாசலில் விரட்டப்பட்ட பேரம் பழைய காரின் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஷோரூமுக்குள் வந்தது. அதாவது, பேரம் சந்தைப் பழமையின் எச்சம் அல்ல. அதிநவீனத் தொழிற்சாலையின் திட்டமிட்ட உற்பத்தி.

வந்ததும் அது ஓரிடத்தில் நிற்கவில்லை. என் வாதம் இதுதான்: ஒரு எண்ணைச் சட்டம் வெளிச்சத்துக்குக் கொண்டுவரும்போதெல்லாம் ரகசியம் பக்கத்து எண்ணுக்குக் குடிபெயர்ந்தது.

முதல் உதாரணம் வட்டி. 1935இல் ஜெனரல் மோட்டார்ஸ் '6 சதவீதத் திட்டம்' என்று விளம்பரம் செய்தது. 100 டாலர் கடனுக்கு வருடம் 6 டாலர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாதாமாதம் அசலையும் கட்டிக்கொண்டே வருகிறோமே, ஆறாவது மாதம் கையில் இருக்கும் கடன் பாதிதான். வட்டியோ முழு நூறுக்கும். உண்மைக் கணக்கில் அது 11 சதவீதத்தை ஒட்டி வரும். மத்திய வர்த்தக ஆணையம் இதை ஏமாற்று என்றது. 1940இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஆமோதித்தது. தமிழ்நாட்டில் வண்டி எடுத்த யாருக்கும் இந்த வித்தை புதிதில்லை. 'ஃபிளாட் வட்டி' என்று நம்மூர் ஃபைனான்ஸ்காரர்கள் சொல்வது அச்சு அசலாக இதே கணக்குத்தான். இதற்கு ஒரு வருடம் முன்பு, 1939இல், சவுத் பெண்ட் நகரத்தில் ஒரு நடுவர் குழு ஜெனரல் மோட்டார்ஸையும் ஜிமேக்கையும் குற்றவாளிகள் என்றது. டீலர்களை மிரட்டி, தங்கள் கடனையே விற்கவைத்தார்கள் என்பது குற்றம். ஸ்லோன் உட்படக் குற்றம்சாட்டப்பட்ட தனிமனிதர்கள் எல்லோரும் விடுதலை. நிறுவனம் குற்றவாளி, மனிதர்கள் நிரபராதிகள்! முதலாளியம் குறித்து நாம் பக்கம் பக்கமாக எழுதுவதை அந்தப் பன்னிரண்டு பேர் ஒரு தீர்ப்பில் எழுதிவிட்டார்கள்.

போருக்குப் பிறகு கார்ப் பஞ்சம் தீர்ந்து, தொழிற்சாலைகள் டீலர்கள் தலையில் வண்டிகளைக் கட்டத் தொடங்கியபோது இரண்டாவது வித்தை தலைவிரித்து ஆடியது. புதுக் காரின் விலையை இஷ்டத்துக்கு ஊதி, பழைய காருக்குத் தாராளமாகக் கொடுப்பதுபோல் காட்டுவது. வாங்குகிறவருக்கோ தன் ஓட்டை வண்டிக்கு இவ்வளவா என்ற சந்தோஷம். ஒக்லஹோமா செனட்டர் மன்ரோனி இதை விசாரித்தார். 1958இல் ஒரு சட்டம் வந்தது. புதுக் கார் ஒவ்வொன்றின் ஜன்னலிலும் விலை, கூடுதல் சாமான்கள், ஏற்றுகூலி எல்லாம் அச்சிட்ட தாள் ஒட்டவேண்டும். இன்றும் அந்தத் தாளுக்கு மன்ரோனி என்றே பெயர். ஆனால் அதில் இருப்பது தயாரிப்பாளர் 'பரிந்துரைக்கும்' விலை. டீலர் சுதந்திர வியாபாரி, அந்த விலைக்குத்தான் விற்கவேண்டும் என்று யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. சட்டம் எழுதச் சொன்னது, எழுதினபடி நடக்கச் சொல்லவில்லை. முற்றுப்புள்ளியாக வந்த எழுத்து, பேரத்தின் பிள்ளையார்சுழியாகிவிட்டது.

ரிபேட் கதையும் இந்த எழுத்தோடு சம்பந்தப்பட்டதுதான். 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெருங்கார்கள் விற்காமல் குவிந்தன. 1975 ஜனவரியில் கிரைஸ்லர், முன்னாள் பேஸ்பால் வீரர் ஜோ கராஜியோலாவைத் தொலைக்காட்சியில் நிறுத்தி, கார் வாங்கினால் கம்பெனியே செக் அனுப்பும் என்று அறிவித்தது. ஏன் செக்? விலையையே குறைத்துவிட வேண்டியதுதானே? ஜன்னல் தாளில் விலையைக் குறைத்தால் திரும்ப ஏற்றுவது கஷ்டம். செக்கை நினைத்த மாத்திரத்தில் நிறுத்தலாம். தவிரவும், தள்ளுபடி மறந்துபோகும். தபாலில் வரும் செக் பரிசு மாதிரி இருக்கும். தன் பணத்தைத் தானே பரிசாகப் பெறும் நுகர்வோன் அங்கே பிறக்கிறான். 2001 செப்டம்பருக்குப் பிறகு ஜெனரல் மோட்டார்ஸ் 0 சதவீத வட்டி என்று இறங்கியபோது பரிசின் வடிவம் மட்டும் மாறியது.

தலைப்பில் சொன்ன நான்கு கட்டத் தாள் இந்த வித்தைகள் எல்லாவற்றுக்குமான மேடை. அமெரிக்க விற்பனையாளர் ஒரு வெள்ளைத்தாளை நான்காகப் பிரிப்பார். புது வண்டி விலை, பழைய வண்டி மதிப்பு, முன்பணம், மாதத் தவணை. ஒரு கட்டத்தில் இறங்கிவருவார். அதே நேரம் இன்னொன்றில் ஏற்றிவிடுவார். நடுநடுவே 'மேனேஜரைக் கேட்டுட்டு வரேன்' என்று எழுந்து உள்ளே போவார். வராத சாமிக்குப் பூசாரி அருள்வாக்குச் சொல்வதுபோல. டீலரின் கொள்முதல் ரசீதையே காட்டி 'எனக்கே இவ்வளவு ஆகுது' என்றாலும் நம்பமுடியாது. விற்றபின் தொழிற்சாலை அவருக்கு இரண்டு மூன்று சதவீதம் திருப்பித் தருவதுண்டு. அது அந்த ரசீதில் இராது.

சரி, இதெல்லாம் சாமர்த்தியம் பற்றிய கதைதானே, சாமர்த்தியசாலி பிழைத்துக்கொள்வான் என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது, இயன் அயர்ஸின் 1991ஆம் வருட ஹார்வர்டு சட்ட இதழ்க் கட்டுரையைப் படிக்கும்வரை. அவர் சிகாகோ வட்டாரத்து ஷோரூம்களுக்கு வெள்ளை ஆண்கள், வெள்ளைப் பெண்கள், கறுப்பின ஆண்கள், கறுப்பினப் பெண்கள் என்று ஆட்களை அனுப்பினார். ஒத்த வயது, ஒத்த படிப்பு, ஒரே மாதிரி உடை, ஒரே பேரம், சொல்லுக்குச் சொல் ஒரே வசனம். டீலரின் அடக்கவிலைக்கு மேல் கேட்கப்பட்ட லாபம் வெள்ளை ஆண்களைவிட வெள்ளைப் பெண்களிடம் 40 சதவீதம் அதிகம். கறுப்பின ஆண்களிடம் இரண்டு மடங்குக்கும் மேல். கறுப்பினப் பெண்களிடம் மூன்று மடங்குக்கும் மேல். பீட்டர் சீகல்மனோடு சேர்ந்து அவர் 1995இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் கறுப்பின ஆண்களுக்குத்தான் ஆக அதிக விலை. முதல் ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. சோதனையாளர்கள் பெரும்பாலும் தங்கள் இனத்து, தங்கள் பாலினத்து விற்பனையாளர்களிடமே திருப்பிவிடப்பட்டார்கள். அந்த 'நம்மாள்' சொன்ன விலைதான் கூடுதல் மோசம். அடையாள அரசியல் பேசும் நண்பர்கள் இந்த வரியில் கொஞ்சம் நின்று போகவேண்டும்.

ஆக, பேரத்தில் படிக்கப்படும் பிரதி கார் அல்ல, வாங்க வந்த உடல். விலை என்பது அந்த வாசிப்பின் முடிவு. 1990இல் வந்த சாட்டர்ன் கார்கள், பேரமே கிடையாது, எல்லோருக்கும் ஒரே விலை என்று விற்கப்பட்டது ஒருவகையில் இதற்குப் பதில். இருபது வருடத்தில் அந்தப் பெயரே மூடுவிழா கண்டது. அதற்குள் ரகசியம் மறுபடி கடனுக்குப் போய்விட்டிருந்தது. ஜன்னலில் அதற்குத் தாள் கிடையாது. வங்கி ஒரு வட்டி சொல்லும். டீலர் அதன்மேல் ஒன்றிரண்டு புள்ளி ஏற்றி, அந்த வித்தியாசத்தில் பங்கெடுப்பார். கடன் வாங்குகிறவருக்கு ஏற்றிய வட்டி மட்டுமே தெரியும். மொத்த வட்டி இத்தனை என்று எழுதவேண்டும் என்ற 1968ஆம் வருடச் சட்டமும் இந்த ஏற்றத்தைக் காட்டாது. யாருக்கு எவ்வளவு ஏற்றினார்கள் என்று பார்த்தால் மீண்டும் அதே உடல்கள். 1919இல் பிறந்த அதே ஜிமேக், 2010இல் அலை என்று பெயர் மாற்றிக்கொண்டது. கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், ஆசியர்களிடம் கூடுதல் வட்டி வாங்கப்பட்டதான புகாரில் 2013 டிசம்பரில் 9.8 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. டீலரின் ஏற்றத்துக்குக் கடன் நிறுவனமும் பொறுப்பு என்று நுகர்வோர் நிதி ஆணையம் அதே வருடம் விட்ட வழிகாட்டுதலை, 2018 மே மாதம் அமெரிக்கக் காங்கிரஸின் தீர்மானம் ரத்து செய்தது.

மச்சான் வண்டியைப் புக் பண்ணிவிட்டார். பதினைந்தாயிரம் ரூபாய் தள்ளுபடி எழுதிய தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, டீ வரும்வரை உட்கார்ந்திருந்தோம். அடுத்த மேசையில் வேட்டி கட்டிய ஒரு பெரியவர், மகளோடு. எங்களிடம் பேசிய அதே பையன்தான். அதே மாடல்தான், நிறம் மட்டும் வேறு. 'இந்த வண்டிக்கு ஆஃபரே இல்லீங்கய்யா, எல்லாருக்கும் ஒரே ரேட்டுதான்' என்று சொல்லிக்கொண்டிருந்தான். பெரியவர் தலையாட்டினார். மச்சான் என்னைப் பார்த்தார். டீ வந்தது, குடித்துவிட்டுக் கிளம்பினோம்.