ஹம்மிங் பேர்ட் நம் ஊருக்கு வராது, தேன்சிட்டு வரும்



அமெரிக்காவில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். அவர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் தொங்கும் சிவப்புப் புட்டியில், கட்டைவிரல் அளவுப் பறவை ஒன்று அந்தரத்தில் நின்றபடியே சர்க்கரைத் தண்ணீர் குடிக்கிறது. அதை நம் குடும்பக் குழுவில் போட்டேன். "இது நம்ம வீட்டுச் செம்பருத்திக்குத் தினமும் வருதே" என்று மல்லாங்கிணறிலிருந்து மதினி பதில் போட்டார்கள். கல்குறிச்சி, காரியாபட்டி என்று ஆளாளுக்குப் படம் அனுப்பினார்கள். எல்லாம் அழகான படங்கள். ஆனால் ஒன்றில்கூட ஹம்மிங் பேர்ட் இல்லை. அத்தனையும் தேன்சிட்டு. வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் பதில் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹம்மிங் பேர்ட் அமெரிக்கக் கண்டங்களுக்கு மட்டுமே உரிய பறவை. வடக்கே அலாஸ்கா முதல் தெற்கே சிலி வரை முந்நூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அதற்கு வெளியே இன்று எந்தக் காட்டிலும் கிடையாது. "இன்று" என்று சொல்லக் காரணம் இருக்கிறது. ஜெர்மனியில் கிடைத்த மூன்று கோடி ஆண்டுப் பழமையான எலும்புகள் ஹம்மிங் பேர்டுடையவை என்று கெரால்ட் மயர் என்ற ஆய்வாளர் 2004-ல் காட்டினார். அப்படியென்றால் ஐரோப்பாவில் இருந்த இனம் அங்கே அற்றுப்போய் அமெரிக்காவில் தழைத்திருக்கிறது. தேன்சிட்டு முற்றிலும் வேறு குடும்பம். ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா பக்கம் இருக்கிறது. இரண்டும் பூவில் தேன் குடிப்பவை, அதனால் இரண்டுக்கும் நீண்ட அலகும் மினுமினுப்பும் வாய்த்தன. சொந்தபந்தம் ஒன்றும் இல்லை. அடையாளம் காண்பது எளிது. ஹம்மிங் பேர்ட் காற்றில் நின்றே குடிக்கும், பின்பக்கமாகவும் பறக்கும். தேன்சிட்டு பெரும்பாலும் காம்பைப் பிடித்து உட்கார்ந்துதான் குடிக்கும். எப்போதாவது ஒரு நொடி படபடவென்று நிற்கும், அதைப் பார்த்துத்தான் மதினி ஏமாந்தார்கள். மதினி வருத்தப்பட வேண்டாம். இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்காரர்களும் தேன்சிட்டை ஹம்மிங் பேர்ட் என்றே அழைத்தார்கள். அவர்களுக்குள் பறவை தெரிந்தவர்கள் அதைத் திருத்தித் திருத்தி எழுதினார்கள்.

அந்தச் சிவப்புப் புட்டியும் பழங்கால வழக்கம் இல்லை. கடையில் விற்கும் சரக்காக அது வந்தது 1950-ல்தான். நம் வீடுகளில் பறவைக்குத் தீனி வைக்க யாரும் எதையும் கடையில் வாங்கவில்லை. வாசலில் குதிரைவாலி காயும், களத்தில் கம்பு கிடக்கும், மாட்டுத்தொழுவில் பூச்சி இருக்கும். விரட்டுவதற்கு ஒரு பிள்ளையை உட்கார வைப்பார்கள். அந்தப் பிள்ளை தூங்கிவிடும்.

இது எவ்வளவு பழைய ஏற்பாடு என்பதற்குச் சாட்சி குறுந்தொகையின் 46-ஆம் பாட்டு, மாமலாடன் பாடியது. வீட்டிலேயே குடியிருக்கும் குருவி முற்றத்தில் காயப்போட்ட தானியத்தைத் தின்கிறது, பொதுவெளியில் கிடக்கும் எருப்பொடியில் புரண்டு குளிக்கிறது, பிறகு கூரையின் இறப்பில் தன் குஞ்சுகளோடு அடைகிறது. இப்படி ஒரு மாலை நேரம் அவர் போன ஊரில் இல்லையா என்று தலைவி தோழியிடம் கேட்கிறாள். காதல் பாட்டுத்தான். ஆனால் வரலாற்றுக்காரன் கண்ணுக்கு அது ஒரு வீட்டின் வரைபடம். காயும் தானியம், எரு, கூரை இடுக்கு என்று சிட்டுக்குருவிக்கு வேண்டிய மூன்றும் அதில் இருக்கின்றன. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்த வீடு, 1970 வரை நம் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களில் அப்படியே இருந்தது. மண்சுவர், பனையோலை, இல்லாவிட்டால் நாட்டு ஓடு. ஓட்டுக்கும் உத்திரத்துக்கும் நடுவில் குருவிக்கூட்டு வைக்கோல் தொங்கிக்கொண்டே இருக்கும்.

இப்போது கான்கிரீட் கூரையில் இடுக்கு இல்லை. தானியம் கடைப் பையில் வருகிறது. குருவி குறைந்தால் செல்போன் கோபுரம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது இன்றுவரை நிரூபணம் ஆகவில்லை. 2020-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறத்தாழ நிலையாகவே இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்கிறது. ஆகவே நம் ஊரில் இன்னும் காரியம் கெட்டுவிடவில்லை. குருவிக் குஞ்சு தானியம் தின்று வளர்வதில்லை, புழுபூச்சி தின்றுதான் வளர்கிறது. மருந்தடித்துப் பூச்சியே இல்லாமல் துடைத்த தோட்டத்தில் அரிசியை மட்டும் இறைத்துப் பயனில்லை.

இன்னொரு வேடிக்கை. ஹம்மிங் பேர்ட் இங்கே வரவில்லை, ஆனால் சிட்டுக்குருவி அங்கே போயிருக்கிறது. 1851-ல் இங்கிலாந்திலிருந்து நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் கொண்டுபோனார்கள். பெருகி நாடெங்கும் பரவி, அந்த ஊர்ப் பறவைகளின் கூடுகளைப் பிடுங்கிக்கொள்வதாக இன்று அங்கே அதன்மேல் புகார். நம் கொல்லையில் செல்லப்பிள்ளை, அங்கே வந்தேறி. (மயிலைப் பற்றியும் எழுதச் சொல்கிறார்கள். கடலைக் காட்டுக்காரர்களிடம் கேளுங்கள், தோகையின் அழகைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். அது தனிக் கதை.)

மறுபடி தேன்சிட்டுக்கு வருகிறேன். தமிழ்நாட்டுச் சமவெளியில் மூன்று வகை உண்டு: ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு, ஊதாத் தேன்சிட்டு, லோட்டன் தேன்சிட்டு. கொடிக்கயிற்றிலும் மின்வயரிலும் சிலந்தி நூலால் தொங்கும் பை மாதிரிக் கூடு கட்டுவது பெரும்பாலும் முதலாவது. வாசலுக்கு மேலே சின்னத் தாழ்வாரம்கூட இறக்கியிருக்கும். கட்டுவது பெண் சிட்டு. குப்பை தொங்குகிறது என்று ஒட்டடைக்கம்பால் தட்டிவிடாதீர்கள்.

இந்த லோட்டன் யார்? யோன் கிடியோன் லோட்டன், 1752 முதல் 1757 வரை இலங்கையில் டச்சு ஆளுநர். அங்கத்திய பறவைகளை அவருக்காக வரைந்து கொடுத்தவர் பீட்டர் டி பெவர் என்ற கலப்பின ஓவியர். 1766-ல் லின்னேயஸ் பெயர் சூட்டியபோது பறவைக்குக் கிடைத்தது ஆளுநரின் பெயர். சென்னை ராஜதானியிலும் இதே கதைதான். 1836-ல் ராணுவ மருத்துவராக வந்த ஜெர்டன், 1843 முதல் 1847 வரை சென்னையில் 50 வண்ணப்படங்களோடு பறவை நூல் வெளியிட்டார். படங்களை வரைந்தவர்கள் நம் ஊர் ஓவியர்கள். பிறகு 1862-ல் தொடங்கிய 'இந்தியப் பறவைகள்' நூலில் தமிழ், தெலுங்குப் பெயர்களையும் சேர்த்தார். அந்தப் பெயர்கள் எங்கோ ஒரு குருவிக்காரர் வாயிலிருந்து, ஒரு சம்சாரி வாயிலிருந்து வந்திருக்க வேண்டும். கேட்டு எழுதியவர் பெயர் தெரிகிறது, சொன்னவர் பெயர் தெரியவில்லை. ஜெர்டனைக் குறை சொல்லவில்லை. அவர் எழுதாவிட்டால் அதுவும் மிஞ்சியிருக்காது.

நம்மவர்களில் இரண்டு பேரை நீங்கள் படிக்க வேண்டும். திருநெல்வேலியில் 1912-ல் பிறந்த மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். ஆங்கில நாளிதழில் 1950 முதல் 1996-ல் இறக்கும் வரை இயற்கை பற்றிய பத்தியை விடாமல் எழுதினார், தமிழிலும் எழுதினார். காக்கையையும் மைனாவையும் புலிக்குக் கொடுத்த அதே மரியாதையோடு பார்த்தவர். சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' கிடைத்தால் வாங்குங்கள். இன்னொருவர் கோவைத் தமிழ்ப் பேராசிரியர் க. ரத்னம். மக்கள் வழங்கும் பறவைப் பெயர்களைச் சேகரித்து 'தமிழில் பறவைப் பெயர்கள்' என்று நூலாக்கினார். நாற்காலியில் இருந்தபடி புதுச்சொல் உருவாக்குவதைவிட இது பெரிய வேலை என்பது என் கருத்து.

2015 முதல் ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் சேரலாம், சொந்த வீட்டு வாசலில் கால்மணி நேரம் உட்கார்ந்து எண்ணி அனுப்பினால் போதும். சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம். ஒரு செம்பருத்திக் குச்சியை ஊன்றுங்கள், முருங்கை இருந்தால் வெட்டாதீர்கள். பங்குனி சித்திரையில் குண்டாறு வெறும் மணலாகக் கிடக்கும்போது, நிழலில் ஒரு மண்சட்டித் தண்ணீர் வையுங்கள், தினமும் மாற்றுங்கள்.

எனக்கு ஓர் உதவி வேண்டும். கூட்டமாக வந்து கத்திக்கொண்டே இலையைக் கிளறும் அந்தப் பழுப்புக் குருவியை எங்கள் அப்பத்தா தவிட்டுக்குருவி என்பார். ஆவியூர்ப் பக்கம், நரிக்குடிப் பக்கம் வேறு பெயர் இருக்கலாம். கரிச்சானுக்கு, செம்போத்துக்கு, கொண்டைக்குருவிக்கு, தேன்சிட்டுக்கு உங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள்? எண்பது வயதைத் தாண்டியவர்கள் வீட்டில் இருந்தால் இந்த வாரமே படத்தைக் காட்டிக் கேளுங்கள். பெயரையும், சொன்னவர் எந்த ஊர், எந்த ஊரில் பிறந்தவர் என்பதையும் கீழே எழுதுங்கள். நான் ஒரு நோட்டில் ஊர்வாரியாக எழுதி வருகிறேன். இதுவரை பதினேழு பெயர்கள் சேர்ந்திருக்கின்றன.