சிறுவாட்டுக் காசின் வரலாறு

காங்கேயம், தாராபுரம் பக்கத்து மேட்டாங்காடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் காளையிலிருந்துதான் தொடங்குவார்கள். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளரும் கொறங்காடு, அதில் மேயும் காங்கேயம் மாடு, கிணற்றில் கவலை இறைத்த எருதுகள் என அந்த வரலாறு நீளும். அதே தோட்டத்தில் எருமையும் வெள்ளாடும் கோழியும் கத்தரிப் பாத்தியும் இருந்தன. அவை யாருடைய வரலாறு?

அந்தச் சிறு பண்ணைக்கு இரண்டு நாட்காட்டிகள் இருந்தன. ஒன்று ஊரறிந்தது: ஆடியில் உழவு, புரட்டாசி மழைக்குச் சோளம், தையில் அறுப்பு. மற்றது பெண்களின் கையில் இருந்தது. ஆடியில் வாய்க்கால் ஓரம் வெண்டையும் மிளகாயும், வேலியோரம் அவரையும் பீர்க்கனும் ஊன்ற வேண்டும். அதற்கான விதையை முந்தைய தையிலேயே எடுத்து வைத்திருக்க வேண்டும். முதல் காய்ப்பில் நல்ல காயை முற்றவிடுவது, சுரை விதையைச் சாணத்தில் அப்பிக் காயவைப்பது, துவரைக்குச் செம்மண் கட்டுவது எல்லாம் அவள் வேலை. சித்திரை வெயிலில் முட்டை கூமுட்டையாகிவிடும். ஆகவே மாசிக்குள் கோழியை அடை வைத்துவிட வேண்டும். கோடையில் தட்டுப்போர் கரையக் கரைய, எந்த மாட்டுக்கு எத்தனை கட்டு என்று அளந்து போட வேண்டும். இவற்றுக்கெல்லாம் கைக்கணக்கும் நினைவும் வேண்டும். இது வேளாண் அறிவு. இதற்கு ‘வீட்டு வேலை’ என்று பெயர் வைத்தது யார்?

இந்த நாட்காட்டிக்கு ஒரு பணப்பையும் உண்டு. மோர், நெய், முட்டை, கீரை விற்ற காசு அடுக்குப்பானைக்குள் போகும். அதுதான் சிறுவாடு. மகளின் தோடு, பேரனின் பள்ளிக்கூடச் செலவு, யாரிடமும் கேட்காமல் போய்வரும் ஒரு பேருந்துப் பயணம் எல்லாம் அதிலிருந்து வந்தன. ‘பெருவாடு’ என்றொரு சொல் வழக்கில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆணின் பணம் வெறுமனே பணம். பெண்ணின் பணத்துக்குத்தான் ‘சிறு’ என்ற அடைமொழி.

இலக்கியம் இதை வேறுவிதமாகப் பதிவு செய்திருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆய்ச்சி மோர் விற்ற வருவாயில் சுற்றத்துக்கு உணவளிக்கிறாள். நெய்க்கு விலையாகப் பொன்னை ஏற்காமல் எருமையும் பசுவும் கேட்டுப் பெறுகிறாள். வருவாயை முதலீடாக்கும் முடிவு அங்கே அவளுடையது.

அந்த முடிவு இருபதாம் நூற்றாண்டில் மெல்ல நழுவியது. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் கொங்குக் கிணறுகளுக்கு மின்மோட்டார்கள் படிப்படியாக வந்தன, கவலை ஓய்ந்தது. ஆணின் கடும் வேலையை இயந்திரம் வாங்கிக்கொண்டது. களையெடுப்பும் கட்டுத்தரைச் சாணமும் பெண்ணிடமே நின்றன. பால் கூட்டுறவுச் சங்கங்கள் நிலையான வருமானத்தைக் கொடுத்தன. அது பெரிய ஆறுதல். ஆனால் வெண்ணெயும் மோருமாக அவள் கையில் மாறிய பால், காலையும் மாலையும் கேனில் ஏறிப் போயிற்று. பல வீடுகளில் சங்கப் புத்தகம் கணவன் பெயரில் இருந்தது. கறந்தவளின் காசு குடும்பக் கணக்கில் கரைந்தது. புத்தகம் பெண் பெயரில் இருந்த வீடுகளில் கதை வேறு.

இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்த வரலாறு பொய்யாகிவிடும்: பண்ணையத்துக்கு ஆள் வைத்த தோட்டங்களில் சாணம் அள்ளியவர்கள் பெரும்பாலும் அருந்ததியர் பெண்கள். கூலி தானியமாகக் குடும்பத்துக்கு அளக்கப்பட்டது. அவர்களுக்கு எருமையும் இல்லை, சிறுவாடும் இல்லை. ஒரே கட்டுத்தரையில் நின்ற இரண்டு பெண்களின் இழப்பு ஒன்றல்ல.

அரசின் கணக்கும் தாமதமாகவே விழித்தது. குடும்ப நிலத்தில் கூலியின்றிச் செய்யும் உழைப்பையும் சேர்த்துக் கேட்கும்படி மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கேள்வி 1991இல்தான் திருத்தப்பட்டது. வீட்டுத் தேவைக்கு மட்டும் பால் உற்பத்தி செய்வதும் வேலைதான் என 2001இல் ஏற்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் இந்து மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு உண்டு. அதற்குமுன் மணமானவர்களை அச்சட்டம் விலக்கி வைத்தது. 2005இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. ஆனாலும் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் சாகுபடிப் பண்ணைகளில் நூற்றுக்குச் சுமார் 14 மட்டுமே பெண்களின் பொறுப்பில் இருந்தன.

வாய்மொழி வரலாறு சேகரிக்கப் போகும் மாணவியருக்கு ஒரு சொல். உங்கள் ஆத்தாவிடமோ அமுச்சியிடமோ “என்ன வேலை பார்த்தீங்க?” என்று கேட்டால், “சும்மா ஊட்லதான் இருந்தன்” என்பார்கள். எந்த மாதம் கோழியை அடை வைத்தீர்கள், எந்த வருடம் மாட்டுக்குத் தட்டு போதவில்லை, முட்டைக் காசை எங்கே ஒளித்து வைத்தீர்கள் என்று கேளுங்கள். பிறகு நோட்டுப் புத்தகத்தின் பக்கங்கள் போதாது.